பைலட் அண்ணாச்சியும் திருச்செந்தூர் சுல்தானும்

‘தெரியாது’ என்கிற நாலெழுத்துச் சொல்லை ஒருமுறைகூடச் சொல்லாமல் அறுபத்திரண்டு வயதைத் தொட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் முத்தையாபுரத்தில் என் எதிர்வீட்டில் இருந்தார். பெயர் பைலட் அண்ணாச்சி. ஆதார் அட்டையில் வேறு பெயர் இருந்திருக்கும். தபால்காரர் உட்பட யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

விமானத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வெளிக்கடலில் நிற்கும் கப்பலுக்குள் ஏறி, அதைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் அதிகாரிக்குத்தான் பைலட் என்று பெயர். அந்த அதிகாரியைக் கப்பல்வரை கொண்டுபோய் விடும் சின்ன விசைப்படகை முப்பது வருஷம் ஓட்டியவர் நம் அண்ணாச்சி. படகில் ஏறிய பைலட்டுகள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஓட்டியவர் அங்கேயே இருந்தார். கடைசியில் பட்டம் அவருக்கே வந்து சேர்ந்துவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு தெருவுக்கே அவர்தான் பைலட். ஒருநாள் ஒரு வேன்காரர் திருச்செந்தூருக்கு வழி கேட்டார். நேராகத் தெற்கே போனால் முருகன் இருக்கிறார், குழந்தைகூடச் சொல்லிவிடும். அண்ணாச்சி அவரைத் திருப்பி, ஒரு குறுக்கு வழி சொல்லி, வடக்கே அனுப்பிவைத்தார். விரதமிருந்து வந்த அந்தக் குடும்பம் மத்தியானம் தருவைகுளத்தில் மீன் ஏலத்துக்கு நடுவே நின்றது. விஷயம் திரும்பி வந்தபோது அவர் அசரவில்லை. “நான் சொன்னது கடல் வழிலே. அவன் ரோட்டுல போயிருக்கான்” என்றார்.

எங்கள் வீட்டு மிக்ஸியையும் அவர் ஒருமுறை சரிசெய்தார். மூடி முடித்ததும் இரண்டு திருகாணிகள் மிஞ்சின. “இது கம்பெனிக்காரன் கூடுதலா போட்டது” என்று என் கையில் கொடுத்தார். மறுநாள் காலை தேங்காய்ச் சட்னி விட்டத்தில் இருந்தது.

அவரைச் சரியாக அளந்து வைத்திருந்தவர் மதினி ஒருவர்தான். அண்ணாச்சியின் மனைவியைத் தெருவில் நாங்கள் எல்லோரும் மதினி என்றுதான் கூப்பிடுவோம். “அவுகளுக்கு எல்லாம் தெரியும் தம்பி. என்ன தெரியாதுங்கது மட்டுந்தான் தெரியாது” என்பார்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் குதிரையோடு வந்து இறங்கினார்.

மதினியின் தங்கை பேரனுக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போயிருந்தார்கள். போகும்போது இருவரும் பஸ்ஸில் போனார்கள். திரும்பும்போது மதினி மட்டும் பஸ்ஸில் வந்தார். அண்ணாச்சி ஒரு குட்டியானையில் வந்தார். சின்ன சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். குட்டியானைக்கு மேலே குதிரை நின்றது. வெள்ளையும் இல்லாத, சாம்பலும் இல்லாத ஒரு நிறம். பெயர் சுல்தான்.

கோயில் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விட்ட குதிரை அது. சொந்தக்காரர் காயல்பட்டினத்துக் காக்கா ஒருவர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முழங்கால் தேய்ந்து, துபாயில் இருக்கும் மகன் வற்புறுத்தி அழைக்க, அங்கே போய்ச் சேரும் முடிவில் இருந்தார். குதிரைக்கும் வயதாகிவிட்டது. கேட்டு வந்தவர்கள் எல்லாம் பாரம் இழுக்குமா என்றுதான் கேட்டார்களாம். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

“எங்கிட்ட குடுங்க காக்கா. முப்பது வருஷம் ஓடுனவன் நான், இப்பம் சும்மா உக்காந்து சாப்பிடுதேன்லா. அவனும் சும்மா நின்னு சாப்பிடட்டும்” என்றிருக்கிறார்.

காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தீனி எப்படி, தண்ணீர் எப்படி என்று சொல்ல ஆரம்பித்தார். அண்ணாச்சி கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். “குதிரை எனக்குத் தெரியும் காக்கா.” பாவம், அவரும் நம்பிவிட்டார்.

கார் நிறுத்தக் கட்டிய தகரக் கொட்டகை சுல்தானுக்கு வீடானது. முதல் நாள் விருந்து, முக்கு ஓட்டல் புரோட்டா. இரண்டாம் நாள் முந்திரி மக்ரூன். “தூத்துக்குடிக்கு வந்துட்டு மக்ரூன் திங்காம இருக்கலாமா” என்று ஊட்டினார். சுல்தான் மரியாதைக்கு ஒன்றை வாயில் வாங்கிக்கொண்டு, என் வீட்டு மல்லிகைக் கொடியை நிம்மதியாகச் சாப்பிட்டது.

அண்ணாச்சிக்குத் தெரிந்த மொழி படகு மொழி. குதிரையின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஸ்லோ, ஸ்லோ, அப்படியே எடப்பக்கம் ஒடி, ஸ்டாப் எஞ்சின்” என்பார். சுல்தானுக்கு வேறு பாடத்திட்டம். கடற்கரையில் ஒரு சவாரி என்றால் போக நூறு எட்டு, வர நூறு எட்டு. வீட்டு வாசலில் புறப்பட்டால் ரேஷன் கடை வரைக்கும் சரியாக நூறு எட்டு வைக்கும். பிறகு தானாகத் திரும்பிவிடும். ரேஷன் கடைக்கு அந்தப்புறம் இருந்த டீக்கடையில் டீ குடிக்கவேண்டும் என்று அண்ணாச்சி ஒரு மாதம் முயன்று பார்த்தார். ஒருநாளும் போய்ச் சேரவில்லை. கடைசியில் டீக்காரர் ரேஷன் கடை வாசலுக்கு டீயைக் கொடுத்தனுப்பத் தொடங்கினார்.

இன்னொரு சிக்கல், மொட்டைத் தலை. சுல்தானின் அனுபவத்தில் மொட்டைத் தலை என்றால் சவாரிக்கு வந்திருக்கும் ஆள். கடைசி வீட்டில் ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர் ஒருவர் இருந்தார். தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. அவரைக் கண்டதும் சுல்தான் பக்கத்தில் போய் விலாவைக் காட்டி அசையாமல் நிற்கும். அவர் ஏறும்வரை நகராது. மேனேஜர் நடைப்பயிற்சி நேரத்தை மூன்று முறை மாற்றினார். சுல்தான் மூன்று முறையும் காத்திருந்தது.

எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. நாலு மாதம் போனபிறகு சிரிப்பு வரவில்லை.

குதிரை இளைத்துக்கொண்டே வந்தது. விலா எலும்புகள் தெருவிலிருந்து பார்த்தால் தெரிந்தன. புல்லை வாயில் வைத்து மெல்லும். பிறகு உருண்டையாகக் கீழே துப்பிவிடும். “ருசி பாக்குதான்” என்றார் அண்ணாச்சி. குளம்புகள் பழைய செருப்பு மாதிரி முன்னால் வளைந்து, நடையில் ஒரு நொண்டல் வந்தது. “அமரத்துல லேசா ஆட்டம் இருக்கு, அவ்வளவுதான்” என்று தலைவலித் தைலத்தைத் தேய்த்தார். தெருவில் பேச்சு எழுந்தது. அந்த வாயில்லா ஜீவனை அண்ணாச்சி கொல்லுகிறார் என்று யாரோ சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

“டாக்டர்கிட்ட காட்டுவோமே அண்ணாச்சி” என்றேன்.

“டாக்டருக்கு என்னலே தெரியும், எனக்குத் தெரியாதது?”

சொன்னாரே தவிர, கை சுல்தானின் கழுத்தை விட்டு எடுபடவில்லை. அன்று மாலை தற்செயலாக உள்ளே போனேன். கொட்டகைச் சுவரில் சாய்ந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, ரகசியமாகச் செல்பேசியில் தேடிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ‘கனவில் குதிரை வந்தால் என்ன பலன்’ என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் செல்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீடு தள்ளிப் புதுவீட்டுப் பால் காய்ப்பு. மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலை ஒரு பெரிய தாம்பாளத்தில் கொண்டுவந்து, இளைத்த குதிரை சாப்பிடட்டும் என்று நல்ல மனசோடு கொடுத்தார்கள். மெல்லத் தேவையில்லாத தீனி. சுல்தான் ஒரு பருக்கை விடாமல் விழுங்கியது. அண்ணாச்சி முகத்தில் பல நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது.

இரண்டு மணிக்கு மதினி எங்கள் வாசலில் வந்து நின்றார். “தம்பி, ஒரு நடை வாங்களேன்.” அவ்வளவுதான் சொன்னார். நான் செருப்பைக்கூடப் போடவில்லை.

கொட்டகையில் சுல்தான் தரையில் புரண்டது. எழுந்தது. திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. மறுபடி விழுந்து புரண்டது. உடம்பெல்லாம் வேர்வை. அண்ணாச்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரைத் தெரு வாசலில் கூடிவிட்டது. ஒருவர் எண்ணெய் ஊற்றச் சொன்னார், ஒருவர் சோடா கொடுக்கச் சொன்னார். எல்லோரும் அண்ணாச்சியின் வாயைப் பார்த்தோம்.

“அண்ணாச்சி, என்ன செய்யணும்?” என்றேன்.

“தெரியலலே.”

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். அவர் மறுபடி சொன்னார். “எனக்கு ஒண்ணும் தெரியலலே. மொதல்லேருந்தே தெரியாது.” பிறகு அத்தனை பேர் முன்னாலும் அழுதார்.

மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “அழுறதெல்லாம் பொறவு வச்சுக்கலாம். தம்பி, போனைப் போடுங்க” என்றார்.

அரசு கால்நடை மருத்துவர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயதுப் பெண். சுல்தானின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார், ஈறைப் பார்த்தார். பிறகு எங்களிடம் சொன்னார்: “என்கிட்ட வர்றது ஆடு, மாடு, கோழி. குதிரை காலேஜ்ல பார்த்ததுதான். இது வயித்துவலின்னு தெரியுது. மிச்சத்துக்கு எங்க சாரைக் கேட்டுக்கிறேன்.” அங்கேயே நின்று தன் பழைய பேராசிரியரைச் செல்பேசியில் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து செலுத்தினார். ஒரு டாக்டர் தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பதை அண்ணாச்சி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனி படுத்துப் புரள விடாம மெதுவா நடத்துங்க. லத்தி போட்டா பிழைச்சான். போடலைன்னா கஷ்டம்” என்றார் டாக்டர்.

நடத்தினோம். ரேஷன் கடை வரை நூறு எட்டு, திரும்பி நூறு எட்டு. அந்தப் பழக்கம் அன்றைக்குத்தான் உதவியது. வலியிலும் கால் தானாக நடந்து தானாகத் திரும்பியது. அண்ணாச்சி கயிற்றை யாரிடமும் தரவில்லை. நாங்கள் முறைவைத்து மறுபக்கம் நடந்தோம். டீக்காரர் கடையை விட்டு வந்து நடந்தார். பொங்கல் கொடுத்த வீட்டு அம்மா அழுதுகொண்டே நடந்தார். நாலாவது சுற்றில் கடைசி வீட்டு மேனேஜர் உதவிக்கு வந்தார். சுல்தான் அவரைப் பார்த்ததும் விலாவைக் காட்டி நின்றுவிட்டது. அந்த நிலைமையிலும் சவாரிக்குத் தயார்.

டாக்டர், “சார், நீங்க தயவுசெஞ்சு உள்ள போயிருங்க” என்றார். மேனேஜர் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலரை மணிக்கு, ரேஷன் கடைக்குப் பத்தடி முன்னால், சுல்தான் நின்று வாலைத் தூக்கியது.

வாழ்க்கையில் எத்தனையோ கப்பல் கரையடைவதைப் பார்த்திருக்கிறேன். இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்ததில்லை. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “பிழைச்சுக்கிட்டான்.” மதினி தெற்கே திருச்செந்தூர் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார். கடைசி வீட்டு ஜன்னல் கொஞ்சமாகத் திறந்தது. “போட்டுட்டானா?” என்று ஒரு குரல் கேட்டது. போட்டுவிட்டான் என்று தெருவே பதில் சொன்னது.

டாக்டர் போகுமுன் சுல்தானின் வாயைத் திறந்து காட்டினார். கடைவாய்ப் பற்கள் ஓரத்தில் கத்தி போல வளர்ந்திருந்தன. மெல்ல முடியாமல்தான் துப்பியிருக்கிறது. தட்டு நிறையத் தீனி இருந்தும் பட்டினி கிடந்திருக்கிறது.

அண்ணாச்சி செல்பேசியை என்னிடம் நீட்டினார். “துபாய்க்குப் போடுலே. காக்காட்ட பேசணும்.”

திரையில் காக்காவின் முகம் வந்தது. அண்ணாச்சி நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். “எனக்கு ஒண்ணும் தெரியாது காக்கா. நீங்க அன்னைக்குச் சொல்ல வந்ததை இப்பம் சொல்லுங்க” என்றார். காக்காவின் குரலைக் கேட்டு சுல்தானின் காதுகள் இரண்டும் நிமிர்ந்தன. காக்கா ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். மதினி பழைய நாட்காட்டித் தாளின் பின்னால் எழுதிக்கொண்டார். அரத்தால் பல் ராவ வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வரவேண்டும். குளம்பு சீவுகிறவர் திருநெல்வேலியில் இருக்கிறார், நம்பர் தருகிறேன். புரோட்டா ஆகாது, பொங்கல் ஆகவே ஆகாது. நக்குவதற்கு ஒரு உப்புக்கட்டி.

“முக்கியமா ஒண்ணு அண்ணாச்சி, அவன் தனியா நிக்க மாட்டான். மனசு விட்டுருவான். நான் பக்கத்துல ஒரு ஆடு கட்டி வச்சிருந்தேன்.”

மறுநாள் காலை ஒரு கருப்பு ஆடு வந்தது. உப்பளத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் உப்புக்கட்டி கொண்டுவந்தார். அந்த வாரமே பல் ராவி, குளம்பு சீவி, சுல்தான் முதல் கட்டுப் புல்லை மென்று விழுங்கியதைப் பார்க்க நாங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். மூன்று மாதத்தில் விலா எலும்பு மறைந்தது. மேனேஜர் மட்டும் தொப்பியோடு நடக்கப் பழகிக்கொண்டார்.

எனக்கு இப்போது சென்னையில் வேலை. அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுவார். நலம் விசாரித்து முடித்ததும், “இரு, கேளு” என்று செல்பேசியைச் சுல்தானின் வாயருகே கொண்டுபோய் வைத்துவிடுவார். காய்ந்த புல்லை அது நிதானமாக மெல்லும் சத்தம் வரும். நடுவில் ஆடு ஒருமுறை கத்தும். அந்தப் பக்கம் அண்ணாச்சி மூச்சுக்கூடச் சத்தமாக விடமாட்டார். எங்கள் அடுக்ககத்தில் லிப்ட் வந்து நிற்கும், போகும். அவர் போனைத் திரும்ப எடுக்கும்வரை, எவ்வளவு நேரமானாலும், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.