தவளைக் காரின் பழைய சொந்தக்காரர்

வெளியே எறிந்த இருக்கை மறுபடியும் கராஜுக்குள் வந்திருந்தது.

குருமூர்த்தி வாசலிலேயே நின்றுவிட்டார். நேற்று மதியம் அதைக் காரிலிருந்து கழற்றித் தூக்கிக்கொண்டு போய், பின்ஒழுங்கைச் சந்தில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் போட்டவர் அவர்தான். இன்று அது காரின் இடப்பக்கத்தில் தரையில் நிமிர்ந்து இருந்தது. மேலே பூப்போட்ட குஷன் ஒன்று. குஷனின் நடுவில், யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல ஒரு குழி. பக்கத்து மேசையில் ஒரு கோப்பைத் தேநீர், ஆவி பறக்க.

ஒழுங்கைக் கதவின் பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. அதைத் திறந்துதான் அவர் உள்ளே வந்தார்.

குருமூர்த்தி லண்டனில் டூட்டிங் பகுதியில் கார் ஓட்டப் பழக்குகிறவர். அந்தப் பக்கத்துத் தமிழர்களில் பாதிப் பேர் அவரிடம் பழகி லைசென்ஸ் எடுத்தவர்கள். தெருவெல்லாம் இருபது மைல் வேகம்தான் என்று கவுன்சில் பலகை நட்ட நாளிலிருந்து, "இருபது, பிள்ளை, இருபது" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு இருபது மாஸ்டர் என்றே பெயர் விழுந்துவிட்டது. மீன்கடையில் மீன் வெட்டுகிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் மடங்க மறுக்கத் தொடங்கிய பிறகு, வாழ்க்கையில் ஒரு தடவையாவது பலகை இல்லாத இடத்தில் வேகமாகப் போய்விட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. வேல்ஸ் பக்கம் ஒரு கடற்கரையில், கடல் வற்றிய நேரம், ஈர மணலில் நேர்கோட்டில் ஒரு மைல் ஓடவிட்டு வேகம் அளக்கிற போட்டி நடக்கிறதாம்.

"அதுக்கு முதல்லை ஒரு கார் வேணுமெல்லோ" என்றார் மனைவி சுவர்ணா. நடக்காது என்ற தைரியத்தில் சொன்னது.

கார் மிச்சம் என்ற பக்கத்து ஊரில் கிடைத்தது. அறுபது வருஷத்துக்கு மேலான, இரண்டே இரண்டு பேர் இருக்கக்கூடிய குட்டிக் கார். முன்விளக்குகள் இரண்டும் எஞ்சின் மூடியான பொனெற்றின் மேல் துருத்திக்கொண்டு நின்றதால் பார்க்கத் தவளை மாதிரி இருந்தது. ரொனால்ட் என்ற வெள்ளைக்காரர் அதே மணலில் ஓடுவதற்காக அதைத் தயார் செய்துகொண்டிருந்தபோது இறந்துபோனார். எஞ்சினைக் கழற்றிப் பூட்டி முடித்திருந்தார், மற்ற வேலை எல்லாம் அரைகுறை. விற்றது மகன் கொலின்.

"போட்டி முடியும்வரை கராஜையும் பாவியுங்கள்" என்று கொலின் சொல்லியிருந்தான். "ஆனால் ஒழுங்கைப் பக்கத்தால் மட்டும் வாருங்கள். வீட்டுப் பக்கம் போக வேண்டாம். அம்மா மேல்மாடியில் படுக்கையில். காரை விற்றது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் தாங்கமாட்டார்."

அதனால் குருமூர்த்தி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அடுத்த மாணவருக்கு முன்னால் கிடைக்கும் நேரத்தில், திருடன் மாதிரி வந்து வேலை செய்துவிட்டுப் போவார். முன்கண்ணாடியைக் கழற்றினார். பம்பர்களைக் கழற்றினார். காற்றுப் பிடிக்காமல் இருக்கச் சில்லுகளுக்கு மேல் அலுமினியத் தட்டுப் பூட்டினார். கவிழ்ந்தால் தலை தப்புவதற்கு இரும்புக் கூடு ஒன்று கட்டினார். ஓட்டுநர் இருக்கையைத் தவிர மற்றது இருக்கக்கூடாது என்பது போட்டி விதி. அந்த இருக்கையில் கை வைத்த நாளிலிருந்துதான் இது தொடங்கியது.

கொலினுக்கு அழைத்தார்.

"கராஜுக்குள் யாராவது வருகிறார்களா?"

"இல்லையே. தோட்டத்துப் பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கும். நான் பிறக்க முதலே அது இறுகிவிட்டது. ஏன்?"

"தேநீர் வைத்திருக்கிறது."

கொலின் கேட்டான்: "எப்படிப்பட்ட தேநீர்?"

"நிறையப் பால். சீனி கூட. நான் வாயில் வைக்கவில்லை, மணத்தில் சொல்கிறேன்."

"அப்பா அப்படித்தான் குடிப்பார்" என்று சொல்லிவிட்டுக் கொலின் போனை வைத்துவிட்டான்.

குருமூர்த்தி அந்தச் சின்னக் கதவைத் தோளால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. தேநீரை வாசல் வடிகானில் ஊற்றினார். இறந்தவரின் பாத்திரம் என்பதால் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பூட்டை மாற்றினார். புதிய பூட்டு, கையடக்கமான இரண்டு திறப்புகள், இரண்டும் தன் சட்டைப் பையில்.

மறுநாள் தேநீருடன் இரண்டு பிஸ்கட்டும் இருந்தன.

"பூட்டு மாத்தினதுக்குப் பிஸ்கட் தந்திருக்குது" என்றார் வீட்டில்.

சுவர்ணா சோற்றைக் கிளறிக்கொண்டிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். "உங்களுக்கு அந்தக் கார் வேண்டாம். வித்துப்போட்டு வாங்கோ."

"போட்டிக்குப் பதிஞ்சாச்சு, சுவர்ணா. இன்னும் கொஞ்ச வேலைதான்."

"அப்ப அந்த மனுசனோடை நல்ல மாதிரிக் கதைச்சுப் பாருங்கோ. செத்தவரெண்டாலும் அது அவரின்ரை கார்தானே."

இதில் நியாயம் இருப்பதாகக் குருமூர்த்திக்குப் பட்டது. அடுத்த நாள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் கராஜைப் பார்த்து, பரீட்சை எடுக்கப் போகும் மாணவருக்குச் சொல்வது போல மெதுவாக, தெளிவாக, உரத்த ஆங்கிலத்தில் பேசினார். ஐயா, நான் உங்கள் காரை அவமதிக்கவில்லை. இருக்கையைக் கழற்றச் சொல்வது விதி. நீங்கள் தொடங்கியதை முடிக்கத்தான் பார்க்கிறேன். தயவுசெய்து என்னை விட்டுவிடுங்கள்.

பேசி முடித்ததும் சுவருக்கு அப்பால், எங்கோ உயரத்திலிருந்து, ஒரு முனகல் கேட்டது. முனகல் மெல்ல ராகமாக மாறியது. பழைய ஆங்கிலப் பாட்டொன்றை யாரோ வாய் திறக்காமல் பாடுகிறார்கள். குருமூர்த்தி ஸ்பானரைப் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட்டார். அன்று பின்னேரம் அவரிடம் பழகிய பெண் இருபதைத் தாண்டி முப்பதில் போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் பொனெற்றின் மேல் கட்டம் போட்ட கம்பளிப் போர்வை ஒன்று போர்த்தியிருந்தது. குளிரும் குழந்தையைப் போர்த்துவது போல ஓரங்களை மடித்துச் செருகி. கையை உள்ளே விட்டுப் பார்த்தார். இரும்பு இளஞ்சூடாக இருந்தது. போர்வைக்குள் ஒரு சுடுநீர்ப் பை.

"இனி ஐயரைத்தான் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்று சுவர்ணா தீர்ப்புச் சொன்னார்.

ஐயர் வந்தார். கராஜுக்குள் நுழைந்து ஒரு சுற்றுப் பார்த்தார். தவளையும் இரண்டு கண்ணால் அவரைப் பார்த்தது.

"வெள்ளைக்காரர் எண்டு சொல்லுறியள்" என்றார் ஐயர். "மந்திரம் விளங்குமோ தெரியாது. ஆனால் மணிச் சத்தமும் கற்பூரமும் ஆருக்கும் விளங்கும்."

மணி அடித்தது. கற்பூரம் எரிந்தது. சில்லுகளின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துக் காரை முன்னால் தள்ளி நசுக்கினார்கள். ஓட்டுநர் பக்கத்தில் திருநீறு. சுவர்ணா விடியவே சுட்டுக் கொண்டுவந்த உளுந்து வடைகளை ஒரு தட்டில் படைத்தார்.

"இவர் நல்ல மனுசன்" என்று சுவர்ணா காற்றைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார். "ஒரு நாள்தான். ஓடிப்போட்டு விட்டிடுவார். ஒண்டும் செய்துபோடாதேங்கோ."

திரும்பி வரும்போது ஐயர் மூன்று தடவை பின்னால் பார்த்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் குருமூர்த்தி கதவைத் திறந்தபோது வடைத் தட்டு வெறுமையாக இருந்தது. ஒரு துணுக்குக்கூட மிச்சமில்லை. மேசையில் மூன்று கோப்பைத் தேநீர். அவருக்கு ஒன்று, சுவர்ணாவுக்கு ஒன்று, ஐயருக்கு ஒன்று.

அது ஆட்களை எண்ணியிருக்கிறது.

இன்னும் பார்த்தார். காரெங்கும் தண்ணீர்த் துளிகள் தெளித்துக் கிடந்தன. ஸ்டியரிங்கில் குருத்தோலையில் மடித்த சிறு சிலுவை ஒன்று தொங்கியது. திருநீறு இருந்த இடம் பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தது.

"வேதக்காரப் பேய், சிலுவை கட்டியிருக்குது" என்றார் போனில் சுவர்ணாவிடம். "ஐயரைக் கூட்டி வந்ததிலை கோவம் போலை."

"வடை சாப்பிட்டதோ?"

"முழுக்க."

"அப்ப கோவம் இல்லை" என்றார் சுவர்ணா.

அதற்குப் பிறகு குருமூர்த்தி எதையும் எதிர்க்கவில்லை. கதவைத் திறந்ததும் "குட் ஆஃப்டர்நூன், சேர்" என்பார். சிலுவையைக் கழற்றவில்லை. கோப்பையை நாள் தவறாமல் கழுவி வைத்தார். கண்ணாடி இருந்த இடத்தை மூடினார், பொருத்துகளில் காற்றுப் புகாமல் நாடா ஒட்டினார், தீயணைப்புக் குப்பியைக் கைக்கெட்டும் தூரத்தில் பூட்டினார், வெளியே நிற்பவர் இழுத்தாலும் எஞ்சின் நிற்கும்படி ஒரு கம்பி இழுத்துவிட்டார். சில நாள், வேலையில் ஆழ்ந்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று பார்ப்பது போல இருக்கும். திரும்ப மாட்டார். திரும்பினால் இருந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். இல்லாமல் போய்விடுமோ என்ற பயமும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. வீட்டில் யாரும் அவருடைய கார் வேலையை இவ்வளவு கவனித்ததில்லை.

போட்டிக்கு முதல் நாள் ஓட்டுநர் இருக்கையில் ஒரு பழைய தோல் கண்ணாடி இருந்தது. அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் கண்ணுக்குக் கட்டுவது. வார் புதிதாக எண்ணெய் பூசி மினுங்கியது.

"தானும் வரப்போறாராம்" என்றார் குருமூர்த்தி.

"கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார் சுவர்ணா. "விட்டிட்டுப் போனா இஞ்சை வீட்டுக்கு வந்திடுவார்."

சனிக்கிழமை காலை, டிரெயிலரில் ஏற்றுவதற்காகக் காரை ஒழுங்கையில் இறக்கி முதல் தடவையாக எஞ்சினை முழுக்கத் திறந்து முடுக்கினார். மிச்சத்தின் அந்த ஒழுங்கை முழுக்க அதிர்ந்தது. நாய்கள் குரைத்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவில், எங்கோ உயரத்தில் ஒரு யன்னல் படாரென்று திறக்கும் ஓசை கேட்டது. குருமூர்த்தி தலை நிமிராமல் காரை ஏற்றிக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

கடற்கரையில் காற்று உப்பாக வீசியது. பரிசோதகர் சிலுவையைக் கழற்றச் சொன்னார், ஆடுகிற பொருள் ஒன்றும் இருக்கக்கூடாதாம். குருமூர்த்தி அதையும் தோல் கண்ணாடியையும் உடுப்புக்குள் நெஞ்சோடு வைத்துச் ஜிப்பை இழுத்துக்கொண்டார். கொடி விழுந்தது. முதலில் சில்லு மணலில் வழுக்கியது. பிறகு பிடித்தது. அறுபது, எண்பது. வலப்பக்கம் கடல் ஒரே வெள்ளைக் கோடாக மாறியது. நூறில் காரின் பின்புறம் மெல்ல ஆட, அவருடைய கால் வழக்கம்போலப் பிரேக்கைத் தேடியது.

காதுக்குள் அந்த ராகம் கேட்டது. ஹெல்மெட்டுக்குள் காற்றாக இருக்கலாம். கால் பிரேக்குக்குப் போகவில்லை.

நூற்றுப் பன்னிரண்டு மைல் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவருடைய பிரிவில் இரண்டாவது. காரை நிறுத்தியதும் இடப்பக்கத்தைப் பார்த்து, "போதுமா, சேர்?" என்று கேட்டார். கடற்காற்றைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஏனென்று தெரியாமல் அவருக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை மதியம் கராஜைத் திறந்தார். தேநீர் இல்லை. மேசை துடைத்துக் கிடந்தது. ரொனால்ட் போய்விட்டார் என்பது உறுதியாயிற்று.

திறப்பைத் தபால் துவாரத்தில் போட்டுவிட்டுப் போகும்படிதான் கொலின் சொல்லியிருந்தான். ஆனால் மேல்மாடியில் படுத்திருக்கும் அந்த அம்மாவுக்கு, உங்கள் கணவர் ஆசைப்பட்டது நிறைவேறிவிட்டது, இனி நிம்மதியாக இருப்பார் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் குருமூர்த்திக்கு மனம் வரவில்லை. முதல் தடவையாக முன்வாசலுக்குப் போய் மணியை அழுத்தினார்.

நீலச் சீருடை போட்ட ஒரு தமிழ்ப் பெண் கதவைத் திறந்தாள். அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிறவள். சட்டையில் மேரிசாந்தி என்று பெயர் குத்தியிருந்தது.

"தங்கச்சி தமிழே? நல்லதாப் போச்சு. என்ரை பேர் குருமூர்த்தி. பின்னாலை கராஜிலை அந்தச் சின்னக் காரைத் திருத்திக்கொண்டிருந்தது நான்தான். திறப்பைக் குடுத்திட்டு…"

மேரிசாந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தியானத்திலை தட்டிக்கொண்டிருந்தது நீங்களே?"

"ஓம்."

"இங்கிலீசிலை கும்பிட்டுக் கேட்டது?"

"ஓம். உங்களுக்கு எப்பிடி…"

"கோப்பை கழுவி வைச்சது? மணி அடிச்சது? வடை?"

"வடை மனுசி சுட்டது" என்றார் குருமூர்த்தி. "பிள்ளை, அந்தச் சின்னக் கதவு…"

"தோட்டத்துப் பக்கத்திலை கொண்டி இருக்குது, அண்ணை. நான் அதாலைதான் வந்து போறனான்."

மாடியிலிருந்து ஒரு மெல்லிய முதிய குரல், வாய் திறக்காமல், பழைய பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருந்தது. மேரிசாந்தி மேலே ஒருமுறை பார்த்தாள். நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். வெளியே வந்து கதவைத் தன் பின்னால் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"மெல்லக் கதையுங்கோ அண்ணை, மேலை அம்மாவுக்குக் கேட்டிடும், இவ்வளவு நாளும் செத்த ஐயாதான் வந்து நிக்கிறார் எண்டு உங்களுக்குத் தேத்தண்ணி வைச்சு, சனிக்கிழமைதான் ஒரு மாதிரி உங்களை மோட்சத்துக்கு அனுப்பினனாங்கள்."