சட்டையைக் கடித்த வைஸ்

கூச்சப்படுகிறவன் கடைக்குத் தனியாகப் போகக் கூடாது. போனால், அவனுக்கு வேண்டிய சாமான் கடையிலேயே இருக்கும். வேண்டாத சாமான் அவனோடு வீட்டுக்கு வரும். எனக்கு அப்படி வந்தது ஒரு பெஞ்ச் வைஸ், ராவுகிற இரும்பை இரண்டு தாடைக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கிற பட்டறைச் சாமான். அது வந்த விதத்தை எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் இதுவரை சிரித்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். மைசூர் ஹெப்பாளில் நான் வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். அங்கே நான் ஹெல்பர். (அஞ்சாங்கிளாஸோடு நின்றவனை மேனேஜராகவா வைப்பார்கள்?) கூட்டுவது, சுமப்பது, ஃபிட்டர்கள் டீ குடிக்கப் போனால் அவர்கள் விட்டுப்போன இரும்பை அரத்தால் ராவிப் பார்ப்பது, இதுதான் என் தொழில். கேட்டில் பெரிய பூட்டைப் பார்த்த அன்று எல்லாரும் கத்தினார்கள். நான் ஓரமாக நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கத்துவதற்கும் எனக்குக் கூச்சம்.

என் மனைவி செல்வியின் அண்ணன் மார்டள்ளி கிராமத்தில் விவசாயம் பார்க்கிறார். "இங்க வந்துருங்க, சோளக்காட்டுல வேலை இருக்குது" என்று சொல்லியனுப்பினார். மச்சான் வீட்டில் சோறு தின்பதை நினைத்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் சிவண்ணா என்பவர் வழி காட்டினார். வார்ப்படத்தில் வரும் சின்னச் சின்னப் பித்தளைச் சாமான்களின் ஓரத்தில் பிசிறு இருக்கும். அதை ராவி எடுக்கிற வேலையை அவர் வீடுகளுக்குக் கொடுத்து வாங்குகிறவர். கன்னடக்காரர். தமிழும் பேசுவார், எங்கள் கன்னடத்தைக் கேட்கச் சகிக்காமல்.

"வீட்டுல வைஸ் இத்யா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, "இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"ஹாகாதரெ சரி, சாயங்காலம் வந்து பாக்கறேன். வைஸ் கட்டியா இருந்தா வேலை உனக்கு. இல்லேன்னா வேற ஆள் காத்துட்டிருக்கான்."

செல்வி சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். "வைஸ் வந்தா மைசூரு. இல்லாட்டி மார்டள்ளி. போயிட்டு வாங்க."

என்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டையை, நீலக் கட்டம் போட்டதை, மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். உள்ளே இருந்த பனியனை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் துணியைவிட ஓட்டை அதிகம். சட்டையைக் கழற்ற முடியாத நிலையில் இருக்கிறவனுடைய பனியன் அது.

அக்ரஹாரத்தில் ஒரு இரும்புக் கடை. முதலாளி ரங்கசாமி மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். உள்ளே நுழைந்ததுமே எனக்கு வேண்டிய வைஸ் கண்ணில் பட்டுவிட்டது. கீழ்த் தட்டில், தூசி படிந்து, கறுப்பாக, எருமைக்கன்று போல உட்கார்ந்திருந்தது. அகலமான தாடை. கட்டை விரல் தடிமனுக்குக் கைப்பிடி. அதை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் நல்ல சாமானில் நேராகக் கை வைத்தால், 'இவன் மூஞ்சிக்கு இது கேக்குதா' என்று கடைக்காரர் நினைத்துவிட்டால்? அதனால் மரியாதைக்கு முதலில் மேஜை மேல் இருந்த வைஸைப் பார்ப்போம், அப்புறம் மெதுவாகக் கீழே இறங்குவோம் என்று முடிவு செய்தேன்.

மேஜை மேல் இருந்தது பச்சைப் பெயின்ட் அடித்து மினுமினுவென்று நின்றது. கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற தூரத்துச் சொந்தக்காரன் போல.

"பாருங்க சார், சும்னே பாருங்க" என்றார் ரங்கசாமி. "நல்லா இறுக்கிப் பாருங்க. ஏனும் ஆகாது."

கம்பெனியில் ஃபிட்டர்கள் வைஸைச் சோதிக்கிற விதம் எனக்குத் தெரியும். இரண்டு துண்டுக் காகிதத்தைத் தாடையின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று வைத்து இறுக்குவார்கள். பிறகு இழுத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே மாதிரி நின்றால் தாடை நேர். ஒன்று நழுவினால் கோணல். இதில் தப்பே வர முடியாது.

என்னிடம் இருந்த காகிதம் பஸ் டிக்கெட் ஒன்றுதான். ரங்கசாமியின் முழங்கைக்குப் பக்கத்திலேயே பழைய பேப்பர் கட்டுக் கட்டாக இருந்தது. ஒரு துண்டு கிழித்துத் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். ஆனால் அவர் ஒரு பெரியவருக்குத் தாழ்ப்பாள் காட்டிக்கொண்டிருந்தார். எதற்குத் தொந்தரவு? இடது கோடியில் டிக்கெட்டை வைத்தேன். வலது கோடியில் என் சட்டையின் கீழ் ஓரத்தை வைத்தேன். இறுக்கினேன். டிக்கெட்டை இழுத்தேன். நழுவியது.

சட்டைத் துணி தடிமன், டிக்கெட் மெல்லிசு, அதனால் நழுவத்தான் செய்யும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு அது அன்றைக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. அந்த நேரத்தில், 'சரியாக இறுக்கவில்லை போல' என்றுதான் தோன்றியது. டிக்கெட்டை மறுபடி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பில் இருந்த சக்தியை எல்லாம் கைப்பிடியில் போட்டேன். உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம்.

திருப்பினேன். கைப்பிடி அசையவில்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. திருகு உள்ளே எதையோ கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நான் அந்த வைஸோடு பிடிபட்டு நின்றேன்.

"அண்ணா, சட்டை மாட்டிக்கிச்சு" என்று சொன்னால் முடிந்தது. கடைக்காரரே ஏதாவது செய்து விடுவித்திருப்பார். அந்தச் சின்ன வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனது. நான் வைஸையே ஆழமாகப் பார்ப்பதுபோல் நின்றேன். பெரியவர் தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டு போனார். ஒரு அம்மாள் ஆணி வாங்க வந்தாள். "கொஞ்சம் நகருப்பா" என்றாள். நகர்ந்தேன். வைஸும் நகர்ந்தது.

ரங்கசாமி என்னைக் கொஞ்ச நேரம் கவனித்தார். இவன் சாமான் தெரிந்தவன், லேசில் மசியமாட்டான் என்று நினைத்திருக்க வேண்டும். குரல் மரியாதையாக மாறியது.

"சார், விவரமான ஆளு நீங்க. உங்களுக்கு இது சரிப்படாது அல்ல்வா? கீழ ஒண்ணு இருக்கு. பழைய காலத்து வார்ப்பு. எடுத்துக் காட்டட்டா?"

என் எருமைக்கன்று! அவரே எடுத்துத் தருகிறேன் என்கிறார்! ஆனால் அதைப் பார்க்க நான் குனிய வேண்டும்.

"வேண்டாங்க" என்றேன். "இதுவே போதும்."

"இதுவா? சரி, பெட்டியில புதுசு இருக்கு, எடுத்துத் தரேன். இது கண்டவங்க திருகுன பீஸு."

"இல்லீங்க. இதேதான் வேணும்."

"இதேதானா?"

"இதேதாங்க."

அவர் முகத்தில் மரியாதை போய் ஒரு பயம் வந்தது. "சரி, கொடுங்க, பேக் பண்ணித் தரேன்" என்று கை நீட்டினார். நான் வைஸை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினேன். ஒரு சாக்கை வாங்கி, வைஸையும் என் வயிற்றையும் சேர்த்து மூடிக்கொண்டு, பணத்தைக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். மழை பிடித்துக்கொண்டது.

பஸ்ஸில் கண்டக்டர், "லக்கேஜைக் கீழ வெய்யி" என்றார். தலையாட்டினேன். வைக்கவில்லை. "ஏனய்யா, கொழந்தையா அது?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாக்குக்குள் வைஸ் ஜில்லென்று என் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. உலகத்தில் என்னை அவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்தது அன்றைக்கு அது ஒன்றுதான்.

வீட்டுக்குப் போனால், சிவண்ணா முன்னமே வந்து, பழைய கதவை வைத்து நான் செய்திருந்த வேலை மேஜையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அப்போது சின்னப் பெண்ணாக இருந்த என் மகள் ரேவதி ஓடிவந்து சாக்கை இழுத்தாள்.

"அம்மா! அப்பா வயித்துல இரும்பு மொளச்சிருக்குது!"

"ஏனப்பா மாதையா, இப்பத்தான் வைஸ் வருதா? இருக்குதுன்னியே?" என்றார் சிவண்ணா. "சரி, தோர்சு, காட்டு பாக்கலாம்."

மேஜை மேல் வைத்தேன். அதோடு நானும் குனிந்தேன். செல்வி காப்பி டம்ளரை எடுக்க வந்தவள் பார்த்துவிட்டாள். காதருகே வந்தாள்.

"ஏனுங்க, சட்டையக் கடிச்சிருச்சா?"

தலையாட்டினேன்.

"கடையிலயேவா?"

தலையாட்டினேன்.

"அங்கயே சொல்ல வேண்டியதுதானுங்க?"

இதற்குத் தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது?

சிவண்ணா பையிலிருந்து ஒரு பித்தளைத் துண்டை எடுத்து நீட்டினார். "இதைப் பிடிச்சு ராவிக் காட்டு." நான் கைப்பிடியோடு மல்லுக்கட்டினேன். அவர் எழுந்து வந்து என்னை விலக்கப் பார்த்தார். விலக முடியவில்லை. அப்போதுதான் சட்டையைக் கவனித்தார். சிரித்திருந்தால் தேவலை. அவர் சிரிக்கவில்லை. டாக்டர் போல முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். வைஸும் நானும் ஒன்றாக அவர் பக்கம் போனோம்.

"கடையிலே பாத்து வாங்கலையா?"

"பாத்துத்தானுங்க வாங்குனேன்."

சுத்தியலை எடுத்துக் கைப்பிடியில் தட்டினார். குறி தவறித் தாடையில் பட்டது. பச்சைப் பெயின்ட் உதிர்ந்தது. அதற்கு உள்ளே இரும்பு இல்லை. வார்ப்பில் விழுந்த குழியை மறைக்க அடைத்திருந்த பட்டி மாவு வெள்ளையாகக் கொட்டியது. தாடையின் ஒரு மூலை உடைந்து தரையில் விழுந்தது. ஆனால் சட்டையை மட்டும் அது விடவில்லை. அந்த விசுவாசத்தை நான் வேறு எந்தச் சாமானிடமும் பார்த்ததில்லை.

செல்வி கத்தரிக்கோலோடு வந்தாள். என் சட்டையை வைஸைச் சுற்றி வட்டமாக வெட்டி என்னை விடுதலை செய்தாள். ஓட்டைச் சட்டைக்குள் ஓட்டைப் பனியன் தெரிய நான் நிமிர்ந்து நின்றேன்.

சிவண்ணா செருப்பை மாட்டினார். "ஆகாது மாதையா. அந்த ஆளுக்கே கொடுத்துடறேன். பேஜாரு மாடிக்க வேண்டாம், மனசுல வெச்சுக்காதே."

மச்சானின் சோளக்காடு என் கண் முன்னால் வந்து நின்றது. ஏதாவது சொல்ல வேண்டும். வாய் திறந்தேன்.

"அண்ணா, அந்தப் பீஸக் கொஞ்சம் குடுங்க" என்றாள் செல்வி.

சமையல் மூலையிலிருந்து அரிவாள்மணையை எடுத்து, கத்தியை மடக்கித் தரையில் போட்டாள். பித்தளைத் துண்டை மணைக்கட்டையின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, பாதத்தால் அழுத்திப் பிடித்தாள். தேங்காய் துருவ உட்காருகிற அதே உட்காருதல். என் அரத்தை வாங்கி ராவ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் துண்டைத் துடைத்து அவரிடம் நீட்டினாள். சிவண்ணா கட்டை விரலால் ஓரத்தைத் தடவினார். இன்னொரு தரம் தடவினார். செருப்பைக் கழற்றினார்.

"நாளைக்கு மூட்டை அனுப்பறேன்மா. உன் பேருக்கு."

அப்படித்தான் நாங்கள் மைசூரில் தங்கினோம். கம்பெனியில் ஹெல்பராக இருந்த நான் வீட்டிலும் ஹெல்பர் ஆனேன். வருமானம் கொஞ்சம் சேர்ந்ததும் செல்வி என்னைக் கூட்டிக்கொண்டு அக்ரஹாரம் போனாள். கடை வாசலில் நின்றபடியே கீழ்த் தட்டைக் காட்டி, "அந்தக் கறுப்ப எடுங்க, ரெண்டு துண்டுப் பேப்பரும் குடுங்க" என்றாள். ரங்கசாமி ஒரு முழுத் தாளையே உருவிக் கொடுத்தார். இரண்டு கோடியிலும் காகிதம் நின்றது. முடிந்தது வேலை. (தூக்கிக்கொண்டு வருகிற வேலை மட்டும் எனக்கு.) என்னை அடையாளம் கண்டுகொண்டு, "சார், அந்த வைஸ் எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்குதுங்க" என்றேன்.

பச்சை வைஸ் இன்னும் எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. தாடையில் நீலக் கட்டத் துணியும் ஒரு பஸ் டிக்கெட்டும் இருக்கின்றன. வந்தவர்கள் எல்லாம் கேட்பார்கள். செல்வி சொல்வாள். அன்றிலிருந்து நான் எங்கே வாயடைத்து நின்றாலும், "சட்டை மாட்டிக்கிச்சு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், சொந்தக்காரர் பந்தியில், எல்லா இடத்திலும்.

ரேவதியை நிச்சயம் செய்ய வந்தபோதும் அப்படித்தான். மாப்பிள்ளைக்கு வேலை பூனாவில். "சம்மதந்தானுங்களே?" என்று மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கேட்டார். பையன் தங்கமானவன்தான், ஆனால் அவ்வளவு தூரம் அனுப்ப மனசு வரவில்லை, இந்தப் பக்கமே எங்காவது வேலை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்க நினைத்தேன். வார்த்தைகளை வரிசையாக அடுக்கியும் வைத்திருந்தேன். தொண்டை வரைக்கும் வந்தது.

"அவருக்குச் சம்மதந்தானுங்க" என்றாள் செல்வி. "சட்டை மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்."

கதவோரம் இருந்த வைஸைக் காட்டிக் கதையைச் சொன்னாள். கூடம் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார், என் மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே தட்டு மாற்றிவிட்டார்கள்.

ரேவதி பூனாவில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். அம்மாவிடம் பேசி முடித்து என்னிடம் கொடுக்கச் சொல்வாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

"என்னப்பா, பேசவே மாட்டேங்கிறீங்க? சட்டை மாட்டிக்கிச்சா?" என்பாள்.

"ஆமா சாமி" என்பேன். அங்கே அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும்.