அம்பயரும் ஐஸ்கிரீம் இறுதியாட்டமும்

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், கடவுளுக்கு அடுத்தபடியாக நடுநிலையானவர் அம்பயர்தான். கடவுளாவது தேங்காய் உடைத்தால், மொட்டை போட்டால் கொஞ்சம் நம் பக்கம் சாய்வார் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அம்பயரிடம் அந்தப் பருப்பெல்லாம் வேகாது.

பெற்றோர் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். குளுவாங்கில் நாங்கள் குடியிருந்த அந்த வரிசை வீடுகளில் யாருக்கும் அது தெரியாது. கடிதம் கொண்டுவருபவரே "அம்பயர் வூடு எது?" என்றுதான் கேட்பார். தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை. சனி, ஞாயிறுகளில் பேட்மிண்டன் எனும் பூப்பந்துப் போட்டிகளுக்கு நடுவர். மண்டபத்தில் அந்த உயரமான நாற்காலியில் ஏறி அமர்ந்து "ப்ளே!" என்று அவர் சொன்னால்தான் ஆட்டம் தொடங்கும். ஓய்வு பெற்றதும், எந்த மண்டபத்திலோ கழித்துப் போட்ட நடுவர் நாற்காலி ஒன்றை லாரியில் ஏற்றி வந்து வீட்டு முன்னால் போட்டுக்கொண்டார். காலைப் பத்திரிகையை அதன்மேல் ஏறி உட்கார்ந்துதான் படிப்பார். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் அவர் கூரையைப் பழுதுபார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "அண்ணே, எங்க வீட்லயும் ஒழுகுது, கொஞ்சம் பாக்குறீங்களா?" என்று கேட்டதுண்டு.

அவருடைய வியாதி என்னவென்றால், ஒரே மாதிரி இரண்டு பொருள்கள் கண்ணில் பட்டால் மோதவிட்டுப் பார்க்க வேண்டும். எட்டு கிடைத்துவிட்டால் திருவிழாதான். கால் இறுதி, அரை இறுதி, இறுதி என்று கோடு போட்டுவிடுவார். வீட்டுக்குச் சாயம் பூச எட்டு நிறங்களை மோதவிட்டார். எல்லாருக்கும் பிடித்த நிறங்கள் முதல் சுற்றிலேயே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வெளியேற, யாருக்கும் பிடிக்காத ஒரு வெளிர் ஊதா கோப்பையைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. "ஆட்டம்னா ஆட்டம்தான்" என்று சொல்லிப் பூசிவிட்டார். அந்த வீடு இன்றைக்கும் ஊதாதான்.

ஒரு விடுமுறைக்கு எங்கள் இரண்டு குடும்பமும் மெர்சிங் போனோம். படகுத்துறையில் நின்றுகொண்டு, எந்தத் தீவுக்குப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் வாய் தவறிக் கேட்டுவிட்டார். வந்தது வினை. அம்பயர் பேனாவை எடுத்தார். மெர்சிங்கில் படகு நம் அவசரத்துக்குக் கிளம்பாது, கடல் தண்ணீர் ஏற்றத்தைப் பார்த்துத்தான் கிளம்பும். அரை இறுதி நடந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் வடிய ஆரம்பித்துவிட்டது. படகுக்காரர் கத்திக் கத்திக் கூப்பிட்டார்.

"அரை இறுதியைப் பாதியில நிறுத்த முடியாது லா!" என்று அம்பயர் பதிலுக்குக் கத்தினார்.

ஜெயித்த தீவின் பெயர் எங்களுக்குத் தெரியும். அது எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது. துறையிலேயே உட்கார்ந்து பீசாங் கோரேங் என்ற வாழைப்பழப் பொரியலைத் தின்றுவிட்டு வீடு திரும்பினோம்.

இப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தியவர் சாந்தி அக்கா. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர் என்பதால், அங்கே தாளித்தால் இங்கே தும்முவோம். அக்காவின் சமையலை நான் புகழ்ந்தால் உறவுக்காரி பேசுவது போல இருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்த வீட்டில் சாம்பார் கொதிக்கும்போது என் வீட்டில் யாரும் என் சாம்பாரைத் தொட மாட்டார்கள்.

அப்படிப்பட்ட கைக்குச் சொந்தக்காரிக்கு ஒரே ஒரு குறை. சுவர் வழியாக நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

"என்னாங்க, சாம்பார் எப்படி இருக்கு?"

"எப்படிச் சொல்றது? எதிர்ல இன்னொரு சாம்பார் இருந்தாத்தானே சொல்ல முடியும்?"

"நல்லாருக்கு, நல்லால்ல, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்களேன்."

"ஒருத்தரை மட்டும் கோர்ட்ல நிக்க வச்சுட்டு யாரு ஜெயிச்சான்னு கேட்டா எப்படி சாந்தி?"

"அதுக்கு நான் இன்னொரு பொண்டாட்டிய தேடிக் கொண்டாந்து சமைக்க விடணுமா?"

அம்பயர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு நாற்காலியில் ஏறிவிடுவார். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒருநாள் அக்கா என்னிடம், "இந்த மனுசனுக்குக் கண்ணைக் கட்டி ஊட்டிவிட்டா, யாரு சமைச்சதுன்னுகூடத் தெரியாதுமா" என்று சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

ஐஸ்கிரீம் போட்டி எனக்கும் கக் ரோஸுக்கும் வந்த சண்டையில் பிறந்தது. கக் ரோஸ் எதிர்வீட்டு மலாய் அக்கா. பாலோ பக்கம் தமிழர்கள் நிறைந்த ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட நல்ல தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மலாய்க்குப் போய்விடுவார். தெருவையே வீட்டுக்கு அழைக்கும் தீபாவளித் திறந்த இல்ல விருந்து ஒன்றில் அவருடைய டுரியான் ஐஸ்கிரீமா, என்னுடைய பண்டான் இலை ஐஸ்கிரீமா என்று பேச்சு முற்றி அவர் மலாய்க்குப் போய்விட்டார். நாற்காலியின் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"தெருவுல எட்டு வீடு இருக்கு. எட்டு."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதுமே சாந்தி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

விதிகள் தயாராயின. எட்டுக் குடும்பமும் ஆளுக்கு ஒரு சுவை செய்ய வேண்டும். யார் என்ன செய்கிறார்கள் என்பது ரகசியம். கிண்ணத்தில் எண் மட்டும் இருக்கும். எந்தக் கிண்ணம் யாருடையது என்று தெரியாதவராக வீட்டுக்கு ஒருவர் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு ருசி பார்த்து, முதல் கிண்ணம் பிடித்தால் வலது கை, இரண்டாவது பிடித்தால் இடது கை தூக்க வேண்டும். டுரியானுக்குத் தடை. கண்ணைக் கட்டலாம், மூக்கைக் கட்ட முடியாது என்பது அம்பயரின் வாதம். நடுவர் எதையும் தொட மாட்டார். இறுதியாட்டத்தில் ஓட்டு சமமானால் மட்டும் அவர் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். பரிசு, ஆயர் ஈத்தாமில் வாங்கிய பெரிய மண்ஜாடி.

முதல் வருடம் என் பண்டான் ஐஸ்கிரீம் சரியாக உறையவில்லை. அம்பயர் கரண்டியை விட்டு, தூக்கி, ஒழுகுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "இது குடிக்கிற அயிட்டம் தங்கச்சி. அவுட்!" என்று கையை நீட்டினார். அந்த "அவுட்" இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த வருடம் சாந்தி அக்காவின் ரோஸ் சிரப் ஐஸ்கிரீம் முதல் சுற்றில் தோற்றது. அம்பயர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. யாரோ தூரத்து ஊர்க்காரியை அனுப்பி வைப்பது போல, கட்டிய மனைவியைப் பார்த்து "நன்றி, போய் வாங்க" என்றார்.

மூன்றாவது வருடம் அக்கா என் அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"இந்தத் தடவை உன் வீட்டுல வச்சுத்தான் செய்யப் போறேன். அவருக்கு வாடைகூடத் தெரியக்கூடாது."

"ஜாடி மேல அவ்வளவு ஆசையாக்கா?"

"ஜாடியை நீயே வச்சுக்கோ. இறுதிக்குப் போகணும், ஓட்டு சமமாகணும், அவரு வாயில என் ஐஸ்கிரீம் போகணும். எதிர்ல இன்னொண்ணு வேணும்னாருல்ல? இருக்கும். அந்த வாயால 'இதுதான் நல்லாருக்கு'ன்னு ஒரு தடவை கேட்டுட்டா எனக்குப் போதும்."

சோளத்தை அடுப்புத் தீயில் வாட்டி, உதிர்த்து, அரைத்து, தேங்காய்ப்பாலில் காய்ச்சினார். நான் பக்கத்தில் நின்று கரண்டியை நக்கினேன். ரகசியம் தெரிந்தவள் என்பதால் என்னால் ஓட்டுப் போட முடியாமல் போனது. என் வீட்டுக்காரர் ஓட்டுப் போட உட்கார்ந்தார், அக்கா வீட்டுக்கு அவர்கள் பெரிய மகன். கிண்ணம் சுமக்கும் வேலை எனக்கு வந்தது.

போட்டியன்று தெருவில் கூடாரம். துண்டு கட்டிய எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் இலவசக் கண் சிகிச்சை முகாம் மாதிரி இருந்தது. சோளம் கால் இறுதியில் கோப்பியைத் தோற்கடித்தது. அரை இறுதியில் கறுப்புப் புலுட் என்ற கவுனி அரிசி ஐஸ்கிரீமைத் தோற்கடித்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேலிருந்து மஞ்சள் அட்டை நீண்டது.

"கிண்ணம் தூக்குறவங்க சிரிக்கக்கூடாது."

"நான் சும்மாத்தாண்ணே சிரிச்சேன்!"

"சும்மா சிரிச்சாலும் ஒரு பக்கமா சிரிச்சீங்க."

இறுதியில் சோளத்தை எதிர்த்து நின்றது கக் ரோஸின், பச்சை மாவு இழைகள் போட்ட செண்டோல் ஐஸ்கிரீம். தேங்காய்ப்பாலும் குலா மெலாக்கா என்ற தென்னைவெல்லமும் சேர்ந்த வாசனையில் எனக்கே எச்சில் ஊறியது. எட்டுப் பேரும் இரண்டு கரண்டி சாப்பிட்டார்கள். "கையைத் தூக்குங்க!" என்றார் அம்பயர். நாலு வலது கை. நாலு இடது கை.

தெருவே கத்தியது. சாந்தி அக்கா மட்டும் கத்தவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, வியர்த்துப்போய் நின்றார்.

அம்பயர் நாற்காலியிலிருந்து இறங்கினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். துண்டை அவரே கட்டிக்கொண்டு, முடிச்சு சரியாக இருக்கிறதா என்று கக் ரோஸை இழுத்துப் பார்க்கச் சொன்னார். முதல் கிண்ணம், செண்டோல். விழுங்கினார். முகத்தில் ஒன்றும் இல்லை. தண்ணீர் குடித்தார். இரண்டாவது கிண்ணத்தை நான் நீட்டினேன். கரண்டி வாய்க்குள் போனது. விழுங்கினார். கரண்டி வெளியே வரவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகத் துண்டைக் கழற்றினார்.

"நான் விலகிக்கிறேன்" என்றார்.

"அலமாக்! என்ன ஆச்சுண்ணே?" என்றார் கக் ரோஸ்.

"இது எங்க வீட்டுது. தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சதுக்கு அப்புறம் நான் தீர்ப்புச் சொன்னா அது ஆட்டமில்ல."

"சும்மா சொல்லாதீங்க. சோளம் யாரு வேணும்னாலும் செய்யலாம்!" என்று கக் ரோஸ் விடவில்லை.

முடிவுக்குக் காரணம் கேட்டால் நடுவர் சொல்லியாக வேண்டும் அல்லவா? அம்பயர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இனிப்பு எது செஞ்சாலும் சாந்தி கடைசியில ஒரு சிட்டிகை உப்பு போடுவா. வாயில இருக்கறப்ப தெரியாது. முழுங்கினதுக்கு அப்புறம்தான் நாக்குல வந்து நிக்கும். பாயசத்துல போடுவா, கேசரியில போடுவா. பெரியவன் பொறந்தப்ப ரவா லட்டு செஞ்சா, அதுலயும் இருந்துச்சு. சோளத்தை எல்லாரும் அவிப்பாங்க, இவ வாட்டுவா. வாட்டறப்ப ஒரு பக்கம் கூடுதலா கருக விடுவா, வேணும்னே. சாம்பாருக்குப் புளியை வெந்நீர்ல ஊறவைக்க மாட்டா, பச்சைத் தண்ணிதான். அதனாலதான் மறுநாளும் அந்தச் சாம்பார் மாறாது. நானும் எத்தனையோ ஊர்ல, எத்தனையோ மண்டபத்துல சாப்பிட்டிருக்கேன். இந்தக் கை எங்கயும் இல்ல. கண்ணைக் கட்டினா என்ன, தூக்கத்துல ஊட்டினாக்கூட..."

அதற்குமேல் பேச்சு ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருப்பது அவருக்கே உறைத்துவிட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

சாந்தி அக்கா முந்தானையை விட்டுவிட்டு முன்னால் வந்தார். "இவ்வளவும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா இத்தனை வருசமா வாயைத் திறக்கல?"

"எதிர்ல ஒண்ணும் இல்லையே சாந்தி."

"இப்ப இருக்குல்ல? எது நல்லாருக்கு, சொல்லுங்க!"

அம்பயர் செண்டோலைப் பார்த்தார். சோளத்தைப் பார்த்தார். "விலகின நடுவர் கருத்துச் சொல்லக்கூடாது" என்றார். சொல்லிவிட்டு என் கையிலிருந்த சோளக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்று, அடி வழிக்கிற வரைக்கும் சாப்பிட்டார்.

பூப்பந்தில் யார் முதலில் அடிப்பது என்று பார்க்க இறகுப் பந்தைத் தூக்கிப் போடுவார்கள். அப்படியே போட்டுப் பார்த்தோம். பந்தின் தலை கக் ரோஸ் பக்கம் திரும்பி விழுந்தது. "வெற்றி, கக் ரோஸ்!" என்று வாயில் சோளத்தோடு அறிவித்தார் அம்பயர். தோற்ற சாந்தி அக்கா அன்றைக்குச் சிரித்த மாதிரி ஜெயித்தவர்கள் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. ஜாடியைக் கட்டிக்கொண்டு நின்ற கக் ரோஸ் மூக்கை உறிஞ்சியபடி மலாய்க்குப் போய்விட்டார். கோபத்தில் இல்லை.

இப்போது நாங்கள் ஜொகூர் பாருவுக்குக் குடிமாறிவிட்டோம். குளுவாங் போகும்போதெல்லாம் என் வீட்டுச் சாம்பாரில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போவேன். "அங்க இல்லாத சாம்பாரா, ஏன் வீணா சுமக்குற?" என்று என் வீட்டுக்காரர் திட்டுவார். ஊதா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சாந்தி அக்காவின் சாம்பாருக்கு எதிரே அதை வைப்பேன். அம்பயர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, இரண்டையும் ருசி பார்த்து, என்னை நோக்கிக் கையை நீட்டி "அவுட்!" என்பார். பிறகு மனைவியைப் பார்த்து, "சாந்தி, உன்னுதுதான் நல்லாருக்கு" என்பார்.

என் சாம்பார் இன்றுவரை ஒரு சுற்றுகூட ஜெயித்ததில்லை. ஜெயித்துவிடக் கூடாதே என்று, குளுவாங் போகிற அன்று மட்டும் உப்பைக் கொஞ்சம் குறைத்தே போடுகிறேன்.