வண்டிச்சோலைக்கு ஒரு வெயில் வண்டி

குன்னூருக்குப் பக்கத்தில் வண்டிச்சோலை. ஊர்ப் பெயரிலேயே வண்டி இருக்கிறது, தன் வீட்டில்தான் இல்லை என்பது அழகையாவின் நெடுநாள் குறை. இனிமேல் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை என்று டிசம்பர் கடைசியில் ஒரு காலை அவர் முடிவு செய்தார். அன்று எதிர்வீடே தெரியாத மூடுபனி. அந்தப் பனியில் உட்கார்ந்து, கைபேசியில் ஆள்காட்டி விரலை அழுத்தி, வெயிலில் ஓடும் கார் ஒன்றை முன்பதிவு செய்தார்.

கடல் தாண்டி எங்கேயோ ஒரு கம்பெனி அதைச் செய்கிறது. மூன்று சக்கரம், இரண்டு சீட்டு, விரால் மீன் மாதிரி வழவழவென்று உடம்பு. முதுகெல்லாம் சோலார் தகடு. பெட்ரோல் கேட்காது. வெயிலில் நிறுத்தினால் தானே சாப்பிட்டுக்கொள்ளும். கைக்கு வர இரண்டு வருஷம் ஆகுமாம். ஆகட்டுமே.

அழகையா அருவங்காடு தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். ஒரு நூல் பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆகஸ்டில் ஓய்வு பெற்றதிலிருந்து திருப்பி அனுப்ப ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டில் ஒருநாள் தோசையைத் திருப்பி அனுப்பிப் பார்த்தார். மத்தியானம் வரை வேறெதுவும் வரவில்லை.

சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ஜோதி, கார் புக் பண்ணிட்டேன்."

"சரிங்க," என்றாள் ஜோதிமணி.

"உங்கிட்டக் கேக்கல."

"ஆமாங்க, கேக்கல."

"கேக்கவும் மாட்டேன்."

"உப்புமாவுக்குச் சக்கரை வேணுங்களா, ஊறுகாயா?"

கண்ணாடி முன்னால் நின்று தயார் செய்து வைத்திருந்த ஆறு பதில்களும் வீணாய்ப் போயின. அவர் ஊறுகாய் கேட்டார். தட்டை வைக்கும்போது அவள் கேட்டாள், "எதுலீங்க ஓடும் அந்தக் கார்?"

"வெயில்ல."

ஜோதிமணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. வெள்ளை வேட்டி கட்டினாற்போல் பனி.

"எந்த ஊரு வெயில்லீங்க?"

அழகையாவுக்குச் சுருக்கென்றது. "ஏன், இந்த ஊர்ல வெயில் இல்லையா?"

"இருக்குமுங்க. எனக்குத்தான் கண்ணுல படல. போன வாரம் தொவச்ச துண்டு இன்னும் ஈரமாத்தான் கெடக்குது."

"நான் காட்டறேன். நம்ம வாசல்லயே காட்டறேன். ஒரு மாசம், மணிக்கு மணி."

"வாயில சொன்னா ஆச்சுங்களா? ஃபேக்டரில இப்படித்தான் வாயிலயே பாஸ் பண்ணுனீங்களாக்கு?"

இதற்குமேல் ஒரு பரிசோதகன் பொறுக்க முடியாது. புத்தாண்டன்றே நோட்டில் கோடு போட்டுவிட்டார். தேதி, மணி, வெயில், மேகம், மூடுபனி, குறிப்பு, கையெழுத்து. காலை ஆறரைக்குக் குரங்குக் குல்லாயோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டார். சாப்பாடுகூட நாற்காலிக்கே வந்தது.

முதல் தடை, வாசலில் குறுக்கே ஓடிய துணிக்கொடி. அதன் நிழல் தகட்டில் விழும். அவர் அதை அவிழ்த்தார். முப்பது வருஷமாக அந்தக் கொடியைத் தொட யாரையும் விடாத ஜோதிமணி, "அவுத்துக்குங்க, நான் உள்ளார கட்டிக்கறேன்," என்றாள். அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இரும்பைப் பரிசோதிக்கத் தெரிந்தவருக்கு மனைவியின் சம்மதத்தைப் பரிசோதிக்கத் தெரியவில்லை.

இரண்டாவது தடை எதிர்வீட்டு ஜாகீர். பஜாரில் மளிகைக்கடை வைத்திருப்பவர். அவர் மொட்டை மாடித் தண்ணீர் டேங்க்கின் நிழல் மூன்று மணிக்கு மேல் அழகையாவின் வாசலில் வந்து படுத்துக்கொண்டது.

"ஜாகீர், உன் டேங்க்கு என் வெயில்ல நிக்குது."

"அண்ணே, அது என் மாடியிலதான நிக்குது."

"டேங்க்கு உன் மாடியில. நிழல் என் வாசல்ல."

"அப்ப நெழல நீங்களே வெச்சுக்குங்க. நான் திருப்பிக் கேக்க மாட்டேன்."

நாலு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. ஐந்தாம் நாள் அழகையாவே ஏணி வைத்து ஏறி, ஜாகீரோடு சேர்ந்து டேங்க்கை மறுமூலைக்கு நகர்த்தினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. நோட்டில் குறிப்பு எழுதினார்: 'மாலை நிழல் நீக்கப்பட்டது.'

அடுத்தது வண்டி நிற்க சிமெண்டு மேடை.

"எத்தன அடிங்க போடறீங்க?" என்று டீயோடு வந்தாள் ஜோதிமணி.

"பதினாலுக்கு ஏழு."

"பதினாறுக்கு எட்டாப் போட்டுருங்க. ஏறி எறங்க எடம் வேணுமல்ல."

அழகையாவின் மனசு இளகிவிட்டது. அவளும் ஏறி உட்காரத் தயாராகிவிட்டாள். பதினாறுக்கு எட்டு, ரசமட்டம் வைத்து, தானே பூசினார்.

ஜனவரி முடிந்த அன்று நோட்டை அவள் முன்னால் வைத்தார். "பாத்துக்கோ. சராசரி ஒரு நாளைக்கு அஞ்சே முக்கால் மணி நேரம் வெயில். குன்னூர் வெயில்."

அவள் ஒரு பக்கம் விடாமல் படித்தாள். பிறகு, "தோத்துட்டனுங்க," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். கூடவே, "கையெழுத்துக்குக் கீழ உங்க பதவியையும் எழுதிருங்க. ஒரு மதிப்பா இருக்குமல்ல," என்றாள். வெற்றி மயக்கத்தில், 'முதுநிலைத் தரப் பரிசோதகர், ஓய்வு' என்று முப்பத்தொரு பக்கத்திலும் எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு லாரி மேடேறி வந்து வீட்டு முன்னால் நின்றது. காரை முன்கூட்டியே அனுப்பிவிட்டார்களோ என்று அழகையா செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். இறங்கியது இரும்புச் சட்டம், கண்ணாடி, கறுப்புத் தட்டுகள். கூடவே ஸ்வெட்டர் போட்ட ஓர் அதிகாரி.

"சார்தான் அழகையாவா? நான் சில்வஸ்டர். மகளிர் குழுக்களுக்கு சோலார் டிரையர் குடுக்கற பிரிவு." கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த அம்மாவோட குழு மனுவை ரெண்டு தடவை நாந்தான் திருப்பி அனுப்பினேன் சார். கேரட்டைக் காயவெக்கக் குன்னூர்ல வெயில் ஏதுன்னு. மூணாவது தடவை உங்க நோட்டை வெச்சாங்க. எங்க ஆளுங்க யாரும் இப்படி எழுதினதில்ல. மேடையும் சரியா எங்க அளவு. பதினாறுக்கு எட்டு."

அழகையா திரும்பிப் பார்த்தார். ஜோதிமணி குழுப் பெண்களோடு தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஜோதி, அது என் வெயில்."

"உங்க வெயில்தானுங்க. நீங்க கண்டுபுடிச்சதுன்னுதான் மனுவுலயும் எழுதியிருக்கறேன்."

"என் வண்டிய எங்க நிறுத்தறது?"

"அதுக்கு ரெண்டு வருசம் இருக்குதுங்களே."

"முடியாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சில்வஸ்டர் பணிவாகச் சொன்னார், "முப்பத்தொரு கையெழுத்து இருக்கு சார். போதும்."

அழகையா மேடையேறி நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரை எழுப்பவில்லை. ஜோதிமணி டீ கொண்டுவந்தாள். லாரிக்காரர்களுக்குக் கொடுத்தாள், சில்வஸ்டருக்குக் கொடுத்தாள், மிச்சமிருந்த ஒரு டம்ளரோடு உள்ளே போய்விட்டாள். ஆட்கள் அவரைச் சுற்றியே சட்டத்தை நிறுத்தினார்கள். கூண்டுக்குள் இருப்பது போலிருந்தாலும் அவர் அசையவில்லை. எதிரே இருந்த இரும்புக் காலை முடுக்கினார்கள். அது வலப்பக்கம் ஒரு நூல் சாய்ந்திருந்தது.

பார்க்கக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள்ளும் சாய்வாகவே நின்றது.

"ஏப்பா, அந்தக் காலக் கழட்டு," என்றார் கடைசியில். "லெவல் இல்ல. மறுபடி மாட்டு. கண்ணாடிய அப்படிப் பிடிக்காத. ரசமட்டத்தை எடு இங்க."

சாயங்காலத்துக்குள் டிரையர் அவர் மேற்பார்வையிலேயே நின்றது. ஒரு நூல் பிசகில்லை.

மறுநாள் அழகையா துணியை வைத்து டிரையர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து ஜாகீர் கேட்டார், "அண்ணே, வெயில் வண்டி வந்துருச்சாட்ட இருக்குது. எத்தனை கிலோமீட்டர் தருது?"

"மீட்டர் இல்ல ஜாகீர். கிலோ மட்டுந்தான். கேரட்டு."

ஜாகீர் சிரித்தது அழகையாவைக் கிளப்பிவிட்டது. துணியை உதறிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "இங்க பாரு ஜோதி. அந்த புக்கிங்க நான் ரத்து பண்ண மாட்டேன். யாரு சொன்னாலும் பண்ண மாட்டேன். கார் வந்தே தீரும்."

ஜோதிமணி தலை நிமிராமல் கேரட் வில்லைகளைத் தட்டில் பரப்பினாள்.

"ரத்து பண்ணிராதீங்க. கோயமுத்தூருக்குச் சரக்கு கொண்டுபோக உங்களையே டிரைவராப் போட்டுக்கறதுன்னு குழுவுல தீர்மானம் பண்ணியாச்சு."