அடித்தவர்களைத் தேடிப்போன ஹெவி அண்ணன்

தான் அடித்து வீழ்த்திய ஆட்களை இருபது வருஷம் கழித்து வீடு தேடிப்போய், "உடம்பு எப்படி இருக்கு?" என்று விசாரித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க வேண்டும். அவரும் எங்கள் ஓப்பநாயக்க ஊர் பேக்கரியில் பாணுக்கு மா பிசைந்துகொண்டிருந்தார்.

சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு ஹெவி அண்ணன். சிங்களவர்களுக்கு ஹெவி அய்யா. வாலிபத்தில் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரை, உடம்பைப் பார்த்துக் குத்துச்சண்டைக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். ஹெவிவெயிட். ஆனால் அது அரிசிக்கும் பாணுக்கும் கியூவில் நின்ற காலம். ஊரே மெலிந்து கிடந்தபோது அந்த எடைக்கு எதிராளி எங்கே கிடைப்பான்? பல போட்டிகளில் இவர் மட்டும் மேடையேறி நிற்பாராம். நடுவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இவர் கையைத் தூக்கி, கோப்பையைக் கொடுத்து அனுப்பிவிடுவாராம். நிஜமாகச் சண்டை போட்டது ஏழே தடவை. அதுவும் மூன்றே பேருடன்.

நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாயங்காலம் பாண் வாங்கப் போனால், சுற்றுவதற்கு வந்த பழைய இங்கிலீஷ் பேப்பரில் குத்துச்சண்டைப் பக்கத்தை எனக்காக எடுத்து வைத்திருப்பார்.

"இப்ப யாரு சாம்பியன்ங்கிறதெல்லாம் வேணாம் டீச்சர். இந்தா, இவரு நிப்பாட்டிட்டாருல்ல? இவரு இப்ப என்னா செய்றாருன்னு படிங்க."

"மாட்டுப் பண்ணை வச்சிருக்காராம்."

"மாட்டுப் பேரெல்லாம் ஞாபகம் இருக்காமா?"

"அதெல்லாம் போடல."

"அதத்தானே போடணும்!" என்று மாவை ஒரு குத்து குத்தினார். மேசை அரை அடி நகர்ந்தது.

வெளிநாட்டு வீரர்கள் கைக்கெட்டாத தூரத்தில் இருந்ததால், தன்னுடைய மூன்று பேரையாவது பார்த்துவிடுவது என்று ஒருநாள் கிளம்பினார். முதல் ஆள் பலாங்கொடையில். ஆறடி உயரமும் உடைந்த மூக்குமாக வாசலில் நின்று, "அவன் வீட்டுல இருக்கானா?" என்று கேட்டால் எந்த மனைவிதான் இருக்கிறான் என்பாள்? "அவர் செத்துப்போய் மூணு வருஷம்" என்றாளாம் அந்த அம்மா. உள்ளே அடுப்படியில் செத்தவர் இருமினாராம்.

"பாக்காமலே வந்துட்டேன் டீச்சர். ஆனா இருமல் நல்ல இருமல். நெஞ்சு சுத்தமா இருக்கு" என்றார் திருப்தியாக.

அடுத்த பயணத்துக்கு என்னைக் கூப்பிட்டார். "கையில குடையோட ஒரு டீச்சர் முன்னால நின்னா யாரும் கதவச் சாத்த மாட்டாங்க." கணவரிடம் சொன்னேன். அவர் ஹெவி அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுத்துச் சொல்லத் தைரியமில்லாமல் சம்மதித்தார்.

இரண்டாவது ஆள் இரத்தினபுரியில் ஒரு பன்சலையின், அதாவது புத்த விகாரையின், வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்தார். பெரிய பெரிய விரல்களால் தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்த மனிதர், இவரைக் கண்டதும் எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். இடது காது கேட்காது. அது ஹெவி அண்ணனின் வலது கை செய்த வேலை. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

பூக்காரர் சிங்களத்தில் சிரித்தார். "மேலே பார், லவுட்ஸ்பீக்கர். விடிந்தால் பிக்குகள் பிரித் ஓதுவதைப் போடுவார்கள். இதற்குக் கீழே கடை வைத்த எவனும் ஒரு மாதம் தாங்கவில்லை. நான் இந்தக் காதை அந்தப் பக்கம் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷம்!"

பிறகு அவராகவே சொன்னார்: "மூன்றாமவனும் பக்கத்தில் கலவானயில்தான் இருக்கிறான். மிளகாய் அரைக்கும் மில் வைத்திருக்கிறான்."

ஹெவி அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "உயிரோடயா?"

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவருடைய கடைசிச் சண்டையில் விழுந்த அந்த ஆள் எழுந்திருக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். என்ன ஆனான் என்று கேட்கப் பயந்து, ஹெவி அண்ணன் அந்த வாரமே துறைமுகத்தை விட்டுத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவுமில்லை, கையுறை போடவுமில்லை.

அன்றைக்கே கலவான பஸ் பிடித்தோம். வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரப் பையன் இறக்கி, அடையாள அட்டையைப் புரட்டி, எங்கே போகிறாய் என்று கேட்டான். இவருக்குப் பொய் வராது. "நான் அடிச்ச ஆளப் பாக்கப் போறேன் மாத்தயா." அடுத்த அரைமணி நேரம் நானும் என் குடையும் விளக்கம் சொன்னோம்.

மில்லில் ஒரு பெண் கல்லாவில் இருந்தாள். பழைய குத்துச்சண்டைக்காரர் என்றதும் முகம் மலர்ந்தது. "எங்க அப்பாவைப் பார்க்கவா? தெரியுமா, துறைமுகத்தின் பெரிய ராட்சதனை எங்க அப்பாதான் ஒரே குத்தில் சாய்த்தார். அவன் எழும்பவே இல்லையாம்!" வாங்க வந்து நின்ற சனமெல்லாம் தலையாட்டியது. ஊருக்கே தெரிந்த கதை போலிருந்தது.

உள்ளேயிருந்து அப்பா வந்தார். ராட்சதனைப் பார்த்தார். அவர் கையிலிருந்த சாக்கு நழுவிக் கீழே விழுந்தது. முகத்தில் அப்படியொரு கலவரம்.

"ஆமா மகள், அந்த ஆள் நான்தான்" என்றார் ஹெவி அண்ணன் சிங்களத்தில். "உன் அப்பா வலது கையைக் காட்டிவிட்டு இடது கையால் இங்கே குத்தினார். நான் இப்படி நின்றேன். இப்படி..."

சொன்னதோடு விடவில்லை. விழுந்தே காட்டினார். அத்தனை எடையும் மில் தரையில் சாய்ந்ததில், வருஷக்கணக்காய்ச் சேர்ந்திருந்த மிளகாய்த்தூள் எழும்பி, சனம் முழுவதும் தும்மத் தொடங்கியது. தும்மலுக்கு நடுவே மகள் கைதட்டி, "அப்பா, எண்ணுங்க!" என்றாள்.

அவர் எண்ணினார். "எக்காய்... தெக்காய்... துனாய்..." ஏழு வரைக்கும் போனார். அதற்குமேல் எண்ணவில்லை. குனிந்து கையைக் கொடுத்து ஹெவி அண்ணனைத் தூக்கினார். இருவர் கண்ணிலும் தண்ணீர். எல்லாருமே மிளகாயில் அழுதுகொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

மில்காரர் பஸ் தரிப்பு வரைக்கும் கூடவே வந்தார். "மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யும் அவளோடு வளர்ந்துவிட்டது" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

"அத விடு. தலைவலி இருக்கா?"

"இல்லை."

"தூக்கம்?"

"நன்றாக வருகிறது."

"மில்லுக்கு வர்ற ஆளுங்க பேரெல்லாம் ஞாபகம் இருக்கா?"

அவர் சிரித்துக்கொண்டே பதினைந்து பேரை அடுக்கினார். ஹெவி அண்ணன் ஒவ்வொரு பேருக்கும் தலையாட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, ஜெயிச்ச சண்டையத் தோத்ததா சொல்லிட்டு வந்திருக்கீங்களே?"

"அன்னைக்கு அவன் அசையாம கெடந்தப்போ நான் சாமியக் கும்பிட்டேன் டீச்சர். இவன் எந்திரிச்சா போதும், தோத்தது நானா இருந்தாலும் பரவாயில்லன்னு. சாமி செஞ்சிருச்சு. கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்."

அதைச் சொல்லிவிட்டு, இருபது வருஷமாகத் தூங்காதவர் மாதிரி உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். ஒரு வளைவில் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. பக்கத்து சீட்டில் எங்கள் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஊர் என்ன பேசும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாடி, என்ன கனம் அந்தத் தலை! இரத்தினபுரி வரும்வரை நான் தோளை அசைக்கவே இல்லை.