நிரம்பி வழிந்த காலி அறைகள்

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்கும் அதே கதிதான். ஆனால் ஆளே வராத ஒரு விடுதியை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிரப்பிக் காட்டும் வித்தையைக் கண்டுபிடித்தவரை உலகம் மறந்துவிடக் கூடாது. அவர் அந்தப் பெரிய கேளிக்கைப் பூங்கா விடுதியின் முன்பதிவு மேலாளர். பெற்றவர்கள் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தார்கள். விடுதியில் அவர் 'சதவீதம் சார்'.

விடுதியில் மூவாயிரத்து அறுநூறு அறைகள். கடற்கொள்ளையர் மாளிகை, பனிக்கோட்டை, காட்டு மாளிகை, விண்வெளி மாளிகை என்று நான்கு கட்டடங்கள். விண்வெளி மாளிகையில் கட்டில்கூட ராக்கெட் வடிவம். சுவிட்சைத் தட்டினால் கூரையில் நட்சத்திரங்கள் எரியும். இத்தனை குழாய், பூட்டு, விசிறி, நட்சத்திரம் எல்லாவற்றையும் பதினொரு வருடமாகக் கட்டிக் காத்தவர் தலைமை மெக்கானிக். எல்லாரும் அவரை 'ஸ்பானர்' என்றார்கள். அவர் பார்த்துக்கொண்ட குழாய் சொட்டியதில்லை. ஒரு விடுதிக்கு இதைவிடப் பெரிய தலைவலி இருக்க முடியாது என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

இரண்டு வருடம் முன்பு கூட்டம் குறைந்தபோது சதவீதம் சார் அவரைத் தன் அறைக்கு அழைத்தார்.

"ஸ்பானர், மூவாயிரத்து அறுநூறு ரூம். எண்ணூறுல ஆள் இருக்காங்க. எத்தனை சதவீதம்?"

"இருபத்திரெண்டு சார்."

"தப்பு. நீங்க சொல்றது கணக்கு. நான் கேக்கிறது நிர்வாகம். வாடகைக்கு விடற மாதிரி எத்தனை ரூம் இருக்கு?"

"எல்லாமே நல்லாத்தான் சார் இருக்கு."

"அதுதானே பிரச்சினை!" சார் மேசையைத் தட்டினார். "பழுதான ரூமைக் கணக்குல சேர்க்க வேண்டாம்னு விதி இருக்கு. காலியா இருக்கிற ரூம் எல்லாம் பழுதாயிட்டா, மிச்சம் எண்ணூத்திச் சொச்சம். அதுல எண்ணூறு நிரம்பியிருக்கு. இப்ப சொல்லுங்க."

ஸ்பானர் மனதுக்குள் வகுத்துப் பார்த்தார். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். நான்கு மாளிகைகளை ஒரு காகிதத்தில் மறைப்பவரை அன்றுதான் நேரில் பார்த்தார்.

காகிதத்தின் பெயர் 'பழுதுச் சீட்டு'. அறைக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு மூன்று பழுது, அடியில் ஸ்பானரின் கையெழுத்து. முதல் நானூறு அறைகளுக்குக் குழாய் சொட்டல், பூட்டு இறுக்கம் என்று வண்டி ஓடியது. அதற்குமேல் சரக்கு தீர்ந்துபோயிற்று. "ஜன்னலைத் திறந்தால் காற்று வருகிறது" என்று எழுதினார். "கண்ணாடியில் பார்ப்பவர் முகமே தெரிகிறது" என்று எழுதினார். ஒருநாள் களைத்துப்போய், "கதவு திறந்திருக்கும்போது மூடியிருப்பதில்லை" என்று எழுதிவிட்டு, திட்டு விழும் என்று எதிர்பார்த்து நீட்டினார். சதவீதம் சார் அதை இரண்டு முறை படித்தார்.

"நல்லா ஆழமா இருக்கு. இதே மாதிரி எழுதுங்க."

விடுதியில் வாடகையை மனிதர்கள் தீர்மானிப்பதில்லை. அதற்கென்று ஒரு கணினி இருந்தது. சூதுவாது தெரியாத கணினி, சொன்னதை நம்பிவிடும். விடுதி தொண்ணூற்றொன்பது நிரம்பிவிட்டது என்றதும், "அடேயப்பா, இவ்வளவு கிராக்கியா!" என்று வாடகையை ஏற்றியது. நாலாயிரமாக இருந்த அறை ஒன்பதாயிரமாகி, பத்தொன்பதாயிரமாகி, முப்பத்தோராயிரத்தில் வந்து நின்றது. பெட்டியோடு வந்த குடும்பங்கள் வரவேற்பு மேசையில் விலையைக் கேட்டுவிட்டு, பிள்ளைகளின் கண்ணைப் பொத்தாத குறையாக இழுத்துக்கொண்டு வெளியே போயின. அவர்கள் தங்கியிருக்க வேண்டிய அறை மறுநாள் பழுதாயிற்று. ஆள் குறையக் குறையப் பழுது பெருகியது, பழுது பெருகப் பெருக விடுதி நிரம்பியது, நிரம்ப நிரம்ப வாடகை ஏறியது. இந்தச் சக்கரத்தின் முன்னால் பூங்காவின் ராட்சச ராட்டினம் வெறும் பம்பரம்.

ஸ்பானருக்கு இதில் ஒரே ஒரு சொந்தக் கவலை இருந்தது. பத்து வருடம் வேலை பார்த்த ஊழியர், மனைவியோடும் பத்து வயது நிறையாத பிள்ளையோடும் ஓர் இரவு இலவசமாகத் தங்கலாம் என்று விடுதியில் ஒரு சலுகை உண்டு. அவருக்கு ஒரே மகள். ராக்கெட் கட்டிலைப் பற்றி அவள் நாலு வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷம்டா கண்ணு" என்று சொல்லிச் சொல்லி, அடுத்த வருடங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. வரும் வெள்ளிக்கிழமையோடு அவளுக்குப் பத்து நிறைகிறது.

பதினான்காவது முறையாக மனு எழுதிக்கொண்டு ஸ்பானர் மனிதவள அதிகாரியிடம் போனார். அந்த அம்மாள் மிகுந்த கனிவுள்ளவர். மறுப்பதற்கு முன்னால் எப்போதும் உட்காரச் சொல்வார்.

"உட்காருங்க. சலுகை உங்களுக்கு உண்டு. ஆனா நிரம்பல் அறுபது சதவீதத்துக்குக் கீழ இருந்தாத்தான் குடுக்க முடியும். இன்னைக்கு எவ்வளவு தெரியுமா? தொண்ணூத்தொன்பது."

"மேடம், மூவாயிரம் ரூம் காலியா கிடக்கு."

"காலி இல்லைங்க. பழுது. சீட்டு எல்லாம் இங்கதான் இருக்கு." அவர் ஒரு கட்டை எடுத்துப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "யாரோ கையெழுத்து போட்டிருக்காங்க... அட, நீங்கதான்!"

ஸ்பானர் எழுந்து வந்துவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் அவரேதான்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டே கதையைக் கேட்டாள்.

"ஏங்க, பழுதுன்னு எழுதினது நீங்கதானே?"

"நான்தான். அதை ஏன் இப்ப குத்திக் காட்டற?"

"குத்திக் காட்டலை. பழுதுன்னா யாராவது போய்ப் பாக்க வேண்டாமா? ரெண்டு வருஷமா ஒரு ரூமையாவது போய்ப் பாத்தீங்களா? நாளைக்குப் போய்ப் பாருங்க. கூட ரெண்டு ஆளைக் கூட்டிட்டுப் போங்க."

"எந்த ரெண்டு ஆளு?"

அவள் தன்னையும், பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளையும் கண்ணால் காட்டினாள்.

புதன்கிழமை மதியம் விண்வெளி மாளிகை 2117-க்குப் 'பழுது ஆய்வுக் குழு' ஒன்று வந்து சேர்ந்தது. ஸ்பானர் சீட்டில் முறைப்படி பதிந்திருந்தார்: படுக்கை ஆய்வாளர் ஒருவர், குளியல் தொட்டி ஆய்வாளர் ஒருவர், ஆய்வுக் காலம் மறுநாள் காலை வரை. குளியல் தொட்டி ஆய்வாளர் கட்டிலைப் பார்த்ததும் பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஒரே ஓட்டமாக ஓடி ஏறினாள்.

"அப்பா, இது மேல போகுமா?"

"போகாதுடா. மத்ததெல்லாம் வேலை செய்யும்."

எல்லாவற்றையும் அவர் செய்து காட்டினார். வெந்நீர் வந்தது. திரை தானாக மூடிக்கொண்டது. சுவிட்சைத் தட்டினால் நட்சத்திரங்கள் எரிந்தன. அவள் முப்பது தடவை அணைத்து அணைத்துப் போட்டாள். ஸ்பானருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினொரு வருடமாக யாருக்காக இதையெல்லாம் முடுக்கினோம் என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை. இன்று அந்த யாரோ ஒருத்தி, கால் நீட்டிப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரித்தாள்.

காலையில் மூவரும் படுக்கையை ஒழுங்காக விரித்துவிட்டுக் கிளம்பினார்கள். தவறு நடந்தது அதற்கு ஒரு நிமிடம் முன்பு. மேசைமேல் 'விருந்தினர் கருத்துப் படிவம்' கிடந்தது. "தயவுசெய்து நிரப்பி வரவேற்பறைப் பெட்டியில் போடவும்" என்று அதில் அச்சிட்டிருந்தது. மகள் பள்ளியில் நல்ல பெயர் எடுத்தவள். தயவுசெய்து என்று கேட்டால் செய்துவிடுவாள்.

அன்று ஒன்பது மணிக்கு வாராந்தரக் கூட்டம். வழக்கத்துக்கு மாறாக முதலாளியே வந்திருந்தார். காரணம், மறுநாள் வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். சதவீதம் சார் எழுந்து நின்று, மிச்சமிருந்த நாலு காலி அறைகளும் நேற்று மாலை பழுதாகிவிட்டதாகவும், மீதியுள்ள நானூற்று எட்டு அறைகளிலும் ஆள் இருப்பதாகவும், ஆகவே விடுதி நூறு சதவீதத்தைத் தொட்டுவிட்டதாகவும் தழுதழுத்த குரலில் அறிவித்தார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஸ்பானரும் கைதட்டினார்.

"கருத்துப் பெட்டியில ஏதாவது வந்திருக்கா? பத்திரிகைக்குக் குடுக்கலாம்" என்றார் முதலாளி.

மாதக்கணக்கில் எதுவும் விழாத பெட்டியில் ஒன்றே ஒன்று இருந்தது. முதலாளி அதைத் தானே உரக்கப் படித்தார்.

"பத்துக்குப் பத்து! 'வெந்நீர் வருகிறது. கதவு நன்றாகப் பூட்டுகிறது. நட்சத்திரம் எல்லாம் எரிகிறது. குறை ஒன்றுதான், ராக்கெட் மேலே போகவில்லை.' ஆகா! என்ன எழுத்து! யாரு இவங்க? அறை 2117. கூப்பிடுங்க, பூங்கொத்து குடுப்போம்."

சதவீதம் சார் பட்டியலைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"சார்... 2117 பழுது."

முதலாளி படிவத்தை மறுபடி பார்த்தார். "எல்லாம் வேலை செய்யுதுன்னு எழுதியிருக்கே?"

"அப்படின்னா அது நல்ல ரூம் ஆயிடும் சார். நல்ல ரூம் நானூத்தி ஒன்பது ஆயிடும். நம்ம நூறு, தொண்ணூத்தொன்பது புள்ளி ஏழு அஞ்சு ஆயிடும்." அவர் நாற்காலியில் சரிந்தார்.

ஸ்பானர் எழுந்தார். மறைப்பதில் அவருக்குத் தேர்ச்சி போதாது. "நான்தான் சார். என் பொண்ணு. நாளையோட பத்து வயசு முடியுது. அதான்." எல்லாரும் பார்ப்பது தாங்காமல் ஒரு யோசனையும் சொன்னார். "எங்களையும் விருந்தாளின்னு எழுதிக்குங்க சார். நானூத்தி ஒன்பதுல நானூத்தி ஒன்பது. நூறு கெடாது."

"முப்பத்தோராயிரம் கட்டுவீங்களா?" என்றார் சதவீதம் சார்.

"என்னால எப்படி சார் முடியும்? சலுகையில எழுதிக்குங்க."

"சலுகை குடுக்கணும்னா விடுதி அறுபதுக்குக் கீழ இருக்கணும்" என்று மனிதவள அம்மாள் கனிவோடு நினைவூட்டினார். "நூறா இருக்கிறதுக்கு நீங்க தங்கணும். நீங்க தங்கறதுக்கு அது அறுபது ஆகணும். உட்காருங்க."

முதலாளி கையை உயர்த்தினார். பெரிய மனிதர்கள் பிரச்சினையின் வேரைப் பிடிப்பார்கள்.

"அதெல்லாம் இருக்கட்டும். நாளைக்கு ஒருத்தன், பழுதான ரூம் ஒண்ணைக் காட்டுங்கன்னு கேட்டா எதைக் காட்டுவீங்க? மூவாயிரத்து நூத்தித் தொண்ணூத்திரெண்டு ரூம் பழுது. அதுல ஒண்ணாவது உண்மையாப் பழுதா?"

சதவீதம் சார் பட்டியலைப் புரட்டினார். முதலாளி ஸ்பானர் பக்கம் திரும்பினார்.

"ஸ்பானர், 2117-ஐப் பன்னிரண்டு மணிக்குள்ள உடைங்க. நீங்க எழுதினதை நீங்களே உண்மையாக்குங்க. இல்லைன்னா வேலையை விட்டுடுங்க."

ஸ்பானர் கருவிப் பெட்டியோடு போனார். சதவீதம் சார் மேற்பார்வைக்குக் கூடவே வந்தார். வெந்நீர்க் குழாயின் கீழே உள்ள திருகை இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும், அறை நாறிவிடும். ஸ்பானர் அதன் முன்னால் மண்டியிட்டார். கை எழவில்லை. தலையணையில் நீளமாக ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னால முடியாது சார். பொய் எழுதச் சொன்னீங்க, எழுதினேன். அது என் தப்பு. ஆனா இதை உடைக்கமாட்டேன்."

"தள்ளுங்க!" என்று சதவீதம் சார் தாமே களத்தில் இறங்கினார். திருகு அசையவில்லை. பூட்டு மசியவில்லை. கடைசியில் ஆவேசமாகக் குழாயை உதைத்தார். 2117-இல் அன்று பழுதானது அவருடைய கட்டைவிரல் மட்டும்தான்.

மாலையில் ஸ்பானருக்கு ஓலை வந்தது. மனைவி அதை வாங்கிப் படித்தாள். "தங்கள் பராமரிப்பில் இருந்த 3,192 அறைகள் பழுதடைந்திருப்பது தங்கள் கையொப்பங்களாலேயே நிரூபணமாகிறது. அவற்றில் ஒன்றைக்கூடத் தாங்கள் சரிசெய்யவில்லை. ஆகவே தாங்கள் பணிநீக்கம் செய்யப்படுகிறீர்கள்."

"மூவாயிரம் தடவை பொய் எழுதினப்ப சம்பளம் குடுத்தானுங்க" என்றாள் அவள். மகள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "நான் ராக்கெட் மேல போகலைன்னு எழுதினதாலயா அப்பா?" என்று கேட்டாள். ஸ்பானர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, இல்லைடா, இல்லைடா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தங்க இடம் கொடுக்க முடியவில்லை, விடுதி நிரம்பிவிட்டது. அதைப் பார்த்து அவர்கள் மேலும் வியந்தார்கள். பழுதான அறையைக் காட்டுங்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நொண்டிக்கொண்டே வந்த சதவீதம் சாரைப் படம் பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பளபளப்பான ஆண்டறிக்கை வழங்கப்பட்டது. அதன் கடைசிப் பக்கத்தை மனிதவள அம்மாள் எழுதியிருந்தார்:

"பத்தாண்டு பணிக்கான இலவச இரவைக் கேட்டு, கிடைக்காமல் போன ஊழியர்கள்: ஒருவரும் இல்லை. கேட்டவர் ஒரே ஒருவர். அவர் தற்போது ஊழியர் அல்ல. ஊழியர் நலன்: நூறு சதவீதம்."