கம்பெனிக்காரன் பார்த்துடுவான்

உயிர் உள்ளவரை இந்த வண்டியை எந்தக் கம்பெனிக்காரன் கண்ணிலும் காட்டுவதில்லை என்று ஸ்டோர்கீப்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தார். முடிவெடுத்த கையோடு கடைக்குப் போய் ஷெட்டுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தார். ஷெட்டில் ஏற்கெனவே ஒரு பூட்டு தொங்கியது. அது போதாது என்று அவருக்குப் பட்டது.

தொழில் புத்தி. மனுஷர் பஸ் டிப்போவில் உதிரிபாகங்களுக்குக் காவல். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு நட்டு வெளியே போகாது. கையெழுத்தை வாங்குவதற்குள் டிரைவர்களுக்கு நாக்கு தள்ளிவிடும். "இருக்கறதே ஒண்ணு. அதையும் கொடுத்துட்டா அப்புறம் ஸ்டோர்ல என்ன இருக்கும்?" என்பார். ஸ்டோர் எப்போதும் நிறைந்திருக்கும். பஸ்கள் பாதி ஓடாமல் நிற்கும்.

வண்டியை அவர் மனைவிக்காகத்தான் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதுகில் ஆபரேஷன் செய்த பிறகு இடது கால் சொன்னபடி கேட்காமல் போயிற்று. வீட்டுக்குள் கம்பை ஊன்றி நடப்பாள். வெளியுலகம் என்றால் ஜன்னல்தான். அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அவர் தன் பழைய ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டார். வேகம் குறைந்தால் இரண்டு பக்கமும் ஒரு சின்னச் சக்கரம் தானாகக் கீழே இறங்கும். வேகம் எடுத்தால் மடங்கிக்கொள்ளும். ஓட்டுகிறவர் காலைத் தரையில் ஊன்றவே வேண்டாம். யோசனை பிரமாதம்.

பாதி வேலையில் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தான். "சார், இதைக் கம்பெனிக்காரன் பார்த்தா ஐடியாவைச் சுட்டுடுவான். உங்களுக்கு ஒரு டீகூட வாங்கித் தரமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சும்மா சொன்னது. அன்றிலிருந்து ஸ்டோர்கீப்பருக்குத் தூக்கம் போயிற்று.

முழு விஷயம் யாருக்கும் தெரியாதபடி வேலையை மூன்று பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். லேத் பட்டறையில் அது தொட்டில். ஸ்ப்ரிங் கடையில் உடற்பயிற்சி மெஷின். சக்கரத்தை இறக்கி ஏற்றும் இரும்புக் கையைச் செய்த வெல்டரிடம் அது கிளிக்கூண்டு. கிளி எவ்வளவு கனம் என்று வெல்டர் நியாயமாகவே கேட்டான். தன் குரலை யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள் என்ற பயத்தில், அளவு சொல்லி மூன்று பேரிடமும் போனில் பேசும் பொறுப்பை மனைவியிடம் விட்டார்.

வண்டி முடிந்த அன்று இரண்டு பேரும் அழுதார்கள். மறுநாள் அவர் ஷெட்டைப் பூட்டினார்.

"ஏங்க, காப்புரிமைன்னு ஒண்ணு இருக்கே. வாங்கிட்டா யாரும் தொட முடியாதே."

"அதுக்குப் படம் வரைஞ்சு கொடுக்கணும்."

"கொடுங்களேன்."

"அந்த ஆபீஸ்ல ஒருத்தன் படத்தைப் பார்ப்பான்ல?"

"பார்க்காம எப்படிங்க தருவாங்க?"

"அதான் கொடுக்கலை."

"ஒரு வக்கீலையாவது கேளுங்க."

"வக்கீலுக்கு ஒரு மச்சான் இருப்பான். அந்த மச்சான் எந்தக் கம்பெனியோ, யார் கண்டா?"

"பள்ளிக்கூடம் திறக்கற அன்னிக்கு நான் போய் நிக்கலேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. பெரிய டீச்சர் கறாரா சொல்லிட்டாங்க."

"கொஞ்ச நாள் பொறு. ஷெட்டுக்குள்ள ஓட்டிப் பழகு."

ஷெட்டுக்குள் பழகினாள். கதவைச் சாத்திக்கொண்டு அவள் வண்டியைக் கிளப்புவாள், சுவர் வந்துவிடும். அவர் பின்னால் இழுத்து விடுவார். மறுபடி சுவர் வரும். "நல்லா ஓட்டறே" என்பார். தினமும் வேலைக்குப் போகும்போது இரும்புக் கையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அது இல்லாவிட்டால் சக்கரம் இறங்காது.

அப்போதுதான் அவளுடைய அக்கா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் கிடக்கிறாள் என்று போன் வந்தது.

"ஷெட் சாவியைக் கொடுங்க. நானே போயிடறேன்."

"பட்டப்பகல்ல மெயின் ரோட்டுலயா? நாலு பேர் போட்டோ எடுப்பாங்க. இரு, டாக்ஸி கூட்டிட்டு வரேன்."

டாக்ஸி லேசில் கிடைக்கவில்லை. கிடைத்ததும் நெரிசலில் மாட்டிக்கொண்டது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் முகத்தை மூடியிருந்தார்கள். அந்தம்மா கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நர்ஸ் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திரும்பி வரும்போது ஸ்டோர்கீப்பர் ஆறுதலாகவே பேசினார். "நல்லவேளை, நம்ம வண்டியில வரலை. ஆஸ்பத்திரி வாசல்ல எவ்வளவு கூட்டம், பார்த்தியா?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு சாவியும் கேட்கவில்லை, சண்டையும் போடவில்லை. ஒருவழியாக அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று அவர் நிம்மதியானார். பெண்டாட்டி வாயை மூடிக்கொண்டால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கிற ஆண்களில் அவரும் ஒருவர்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று மத்தியானம் டிப்போ டிரைவர் ஒருவன் ஸ்டோர் ஜன்னலில் தலையை நீட்டினான். "சார், காலையில உங்க வீட்டம்மாவை சிக்னல்ல பார்த்தேன். வண்டி நிக்குது, அவங்க காலையே கீழ வைக்கலை. பஸ்ல இருந்த எல்லாரும் எழுந்து பார்த்தாங்க."

ஸ்டோர்கீப்பர் பையைத் திறந்து பார்த்தார். இரும்புக் கை பத்திரமாக இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். ஷெட்டில் இரண்டு பூட்டும் பூட்டியபடியே இருந்தன. பூட்டோடு சேர்த்துக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. கீல் வெளிப்பக்கம் இருக்கிறது என்பது அத்தனை நாளும் அவருக்குத் தோன்றவே இல்லை.

பள்ளிக்கூட வாசலுக்கு அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது பள்ளி விடும் மணி அடித்துவிட்டது. அவள் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். சுற்றி ஒரே கூட்டம். ஒருவன் குனிந்து சின்னச் சக்கரத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தான். ஸ்டோர்கீப்பர் வேறு வழி தெரியாமல் சட்டையைக் கழற்றிச் சக்கரத்தின் மேல் போட்டார்.

"யார் நீ? எந்தக் கம்பெனி?"

"கம்பெனியா? நான் தபால்காரன் சார். என் பொண்ணால நடக்க முடியாது. அவளுக்கு ஒண்ணு செய்யலாம்னு டீச்சரம்மாகிட்ட கேட்டேன். மூணு பட்டறை நம்பரும் கொடுத்தாங்க."

ஸ்டோர்கீப்பர் மனைவியைப் பார்த்தார். "கை என் பையிலதானே இருக்கு?"

"அது முதல் கை. மூணு பேர்கிட்டயும் என்னைத்தானே பேசச் சொன்னீங்க? எல்லா அளவும் எனக்கு மனப்பாடம். கிளிக்கூண்டு இன்னொண்ணு வேணும்னு வெல்டர்கிட்ட சொன்னேன். செஞ்சு, வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுத்தார். கதவைக் கழட்டினதும் அவர்தான்."

"எட்டு மாச உழைப்பு. ஊருக்கே தூக்கிக் கொடுத்துட்டியே."

"எனக்குன்னு செஞ்சதைத்தானே கொடுத்தேன்? அக்காவைத்தான் பார்க்க முடியலை. அந்தப் பொண்ணாவது நாலு இடம் போகட்டும்."

அவள் குரல் உடைந்தது. தபால்காரன் சட்டையை எடுத்து, தூசி தட்டி, மரியாதையாக அவர் கையில் கொடுத்தான்.

ஸ்டோர்கீப்பர் சட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். நடுத்தெருவில் வெற்றுடம்போடு நின்றுகொண்டு கேட்டார். "அப்போ இனிமே நான் எதைத்தான் காப்பாத்தறது?"

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

"ஷெட் இருக்கே. போய்க் கதவை மாட்டுங்க."